சிலந்தியும் சிறுமையும்: அரச இறுதிச் சடங்கைச் சோபாவில் அமர்ந்து காணுதல் குறித்து

மன்னர்களின் மரணத்தைப் பற்றியும் அடக்கத்தைப் பற்றியும் தடித்த நூல்கள் பல இருந்தும், அந்த அடக்கத்தைத் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருப்பவர் எந்த இடத்தில் உச்சுக்கொட்டுகிறார், எதைக் கண்டு பக்கத்திலிருப்பவரின் தோளைத் தட்டுகிறார், எப்போது எழுந்து தேநீர் போடப் போகிறார் என்பன போன்ற அடிப்படைக் கேள்விகளுக்கு அறிஞர் உலகம் உரிய மதிப்பளித்ததாகத் தெரியவில்லை. இக்குறையைச் சிறிதேனும் போக்கும் பொருட்டு, 2022 செப்டம்பர் 19 அன்று லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் தொடங்கி வின்ட்சரில் முடிந்த இரண்டாம் எலிசபெத் அரசியாரின் இறுதிச் சடங்கு இங்கே ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளப்படுகிறது. பிரிட்டனில் மட்டும் 2.5 கோடிக்கும் மேற்பட்டோர் அதைத் தொலைக்காட்சியில் கண்டதால் தரவுக்குப் பஞ்சம் இல்லை. அத்தரவு முழுவதும் வரவேற்பறைகளில் வாய்வழியாகப் பிறந்து அங்கேயே காற்றோடு போய்விட்டது என்பதுதான் இத்துறையின் தீராத சங்கடம்.

முதலில் சில சொற்களை வரையறுத்துக்கொள்ள வேண்டும். அரசுமுறை இறுதிச் சடங்கு என்பது பிரிட்டனில் பொதுவாக முடிசூடியவர்க்கே உரியது. மற்றவர்க்கு வழங்கப்படுவது அரிது, 1965-இல் வின்ஸ்டன் சர்ச்சிலுக்குக் கிடைத்தது அத்தகைய அரிய பேறு. 1997-இல் இளவரசி டயானாவுக்கும் 2021-இல் இளவரசர் பிலிப்புக்கும் நடந்தவை இதற்கு ஒருபடி கீழான சம்பிரதாயச் சடங்குகள் ஆகும். இந்த வேறுபாட்டை அன்று காலை பத்து மணிவரை அறியாதிருந்தவர்கள், பதினொரு மணிக்குப் பிறப்பிலிருந்தே அறிந்தவர்கள்போல் மற்றவர்க்கு விளக்கினர் என்பது குறிக்கத்தக்கது. தொலைக்காட்சி வர்ணனையாளர் சொல்வதைக் கேட்டும் கேளாமலும், அதன்மீது வீட்டார் தமக்குள் பொழியும் இவ்வகை விளக்கமே இக்கட்டுரையில் சோபாவுரை எனப்படும்.

சோபாவுரையை விளங்கிக்கொள்ளத் தமிழ் உரைமரபே தக்க துணையாகும். மூலம் ஒன்று, அதற்கு உரை ஒன்று, உரையில் ஐயம் எழுந்தால் உரைக்கு உரை ஒன்று. இங்கே மூலம் என்பது நகர்ந்துகொண்டிருக்கும் சவப்பெட்டி. அதன்மேல் கிடக்கும் மலர்வளையத்தில் மிர்ட்டில் என்னும் செடியின் இலைகள் உள்ளன, அச்செடி அரசியாரின் 1947-ஆம் ஆண்டுத் திருமணப் பூச்செண்டிலிருந்து எடுத்து நட்ட தழையிலிருந்து வளர்ந்தது என்று சொல்வது வர்ணனையாளரின் உரை. ‘எழுபத்தைந்து வருஷமா, நம் வீட்டுத் துளசி மூன்று மாதம் தாங்குவதில்லையே’ என்பது சோபாவுரை. உரையாசிரியர் பரம்பரையும் இத்துறையில் உண்டு: சர்ச்சிலின் சடங்குக்குத் தொலைக்காட்சியில் வர்ணனை செய்த ரிச்சர்ட் டிம்பிள்பியின் மகன் டேவிட் டிம்பிள்பியே 2022-இல் வின்ட்சரிலிருந்து வர்ணித்தார். நல்ல உரையாசிரியர் எங்கே பேசாதிருக்க வேண்டும் என்று அறிந்தவர்; பிபிசியின் அன்றைய உரை நெடுநேரம் மௌனமாகவே இருந்ததால், அந்த இடைவெளிகள் அனைத்தையும் நிரப்பும் பொறுப்பு சோபாக்களின் தலையில் விழுந்தது. மூலம் புரியாமல் உரை எழுதியவர்களும் இருந்தனர். பதவியேற்று இரண்டு வாரம்கூட ஆகாத பிரதமர் லிஸ் டிரஸ் அபே வாசலில் காரிலிருந்து இறங்கியபோது, ஆஸ்திரேலியத் தொலைக்காட்சி ஒன்றின் வர்ணனையாளர்கள் அவரை அடையாளம் காணாமல், அரச குடும்பத்தின் தூரத்து உறவாக இருக்கலாம் என்று ஊகித்தனர். சோபாவுரையாளர்கள் உலகெங்கும் தலைநிமிர்ந்த தருணம் அது.

இனிப் பார்ப்பவரின் உணர்வுகளுக்கு வரலாம். தொல்காப்பியர் மெய்ப்பாடு எட்டு என்று வகுத்து ஒவ்வொன்றுக்கும் நான்கு நிலைக்களன்களைச் சொல்லியிருக்கிறார். மெய்ப்பாடு என்பது உள்ளத்து உணர்வு உடலில் வெளிப்பட்டுப் பிறர்க்குப் புலனாவது. எட்டையும் இங்கே எடுத்து விரிக்கத் தேவையில்லை, ஏனெனில் அழுகையும் பெருமிதமும் எதிர்பார்த்த இடங்களில் எதிர்பார்த்தபடியே வந்துபோயின. ஆனால் அச்சத்தின் நிலைக்களன்களாக அவர் கூறும் அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை என்னும் நான்கினுள் படிக்கட்டு இடம்பெறவில்லை என்பதை இவ்வாய்வு மிகுந்த பணிவுடன் சுட்டிக்காட்ட வேண்டியுள்ளது. வின்ட்சரில் செயிண்ட் ஜார்ஜ் சிற்றாலயத்தின் மேற்கு வாயிற்படிகளில், உட்புறம் ஈயத் தகடு பதித்த ஓக் மரப் பெட்டியை எட்டு இளம் வீரர்கள் தோளில் தாங்கி ஏறினர். பெட்டிமேல் மகுடம், உருண்டை, செங்கோல் மூன்றும் இருந்தன. வீரர்களின் கன்னங்கள் பெட்டியின் பக்கப்பலகையோடு ஒட்டியிருந்தன. காலடியைக் குனிந்து பார்க்க வழியில்லை. அந்தச் சில நொடிகளில், முடியாட்சியே கூடாது என்று காலையிலிருந்து வாதாடிக்கொண்டிருந்தவர்களும் மூச்சைப் பிடித்துக்கொண்டனர். கடைசிப் படியில் பெட்டி சமநிலைக்கு வந்ததும் வெளியான பெருமூச்சில் கட்சி வேறுபாடு இல்லை. கிழக்கு லண்டன் ஈஸ்ட்ஹாமில் குடியிருக்கும் யாழ்ப்பாணத்துக் குடும்பங்களின் சோபாவுரையில் இந்த இடத்துக்கு ‘சும்மா சொல்லக்கூடாது, வடிவாத்தான் செய்யினம்’ என்பதே பாடமாக இருந்திருக்க வேண்டும் என ஊகிப்பதில் தவறில்லை.

வெகுளியைப் பொறுத்தவரை, அது இந்தியச் சோபாக்களில் மிகுதியாகவும் சற்றுத் திசைமாறியும் காணப்பட்டது. லண்டனில் காலை பதினொரு மணி என்றால் இங்கே பிற்பகல் மூன்றரை. உண்ட மயக்கம் தெளிந்து எழுந்தவர்கள் பெட்டிமேல் மின்னிய மகுடத்தைக் கண்டதும் கோஹினூர் வைரத்தைத் திருப்பிக் கொடுக்கட்டும் என்று குமுறினர். கோரிக்கையின் நியாயம் இங்கே விவாதத்துக்கு உரியதன்று. ஆனால் கோஹினூர் பதிக்கப்பட்டிருப்பது அரசியாரின் தாயாருடைய மகுடத்தில். அன்று பெட்டிமேல் இருந்ததோ இம்பீரியல் ஸ்டேட் மகுடம், அதில் இருப்பது தென்னாப்பிரிக்காவில் வெட்டியெடுத்த கல்லினன் வைரத்தின் ஒரு துண்டு, அதன் பெரிய துண்டு பக்கத்திலேயே செங்கோலில் இருந்தது. ஆக இந்தியர்கள் அன்று மாலை முழுவதும் தென்னாப்பிரிக்கர்களின் வழக்கைக் கட்டணமின்றி நடத்திக்கொடுத்தனர்.

அபேயில் சடங்கு முடியும் தறுவாயில் நாடு முழுவதும் இரண்டு நிமிட மௌனம் காக்கப்பட்டது. அந்த ஓசையின்மை கெடாதிருக்க ஹீத்ரோ விமான நிலையத்தில் விமானங்களின் நேரங்கள்கூட மாற்றப்பட்டன. வீட்டில் இருப்பவருக்கு இவ்விரண்டு நிமிடம் எழுப்பும் கேள்விகள் கடினமானவை. எழுந்து நிற்க வேண்டுமா, யாரும் பார்க்காதபோது நிற்பது மரியாதையா நடிப்பா, தனியாக இருப்பவர் மௌனமாக இருந்தார் என்பதை எவ்வாறு நிறுவுவது என்பனவற்றை விட்டுவிட்டு, இங்கே பிஸ்கட் சிக்கல் என்ற ஒன்றை மட்டும் நெருங்கிப் பார்க்கலாம். டைஜெஸ்டிவ் பிஸ்கட்டின் கீழ்ப்பாதி சூடான தேநீரில் முங்கியிருக்கும் கணத்தில் மௌனம் தொடங்குகிறது என்று கொள்வோம். அதை உடனே வெளியே எடுத்துக் கடித்தால், நனையாத விளிம்பு மொறுமொறுத்து அந்த அறையின் மௌனம் கலையும். கடிக்காமல் கையில் பிடித்திருந்தால், நனைந்த பாதி மெல்லத் தொய்ந்து, விரிசல் விட்டு, மடியில் விழும். முங்கியபடியே விட்டுவிட்டால் இரண்டு நிமிட முடிவில் கோப்பையின் அடியில் கூழ் மட்டுமே மிஞ்சும். நாட்டின் துயரத்துக்கும் நாக்கின் ஆசைக்கும் இடையே அகப்பட்ட இந்த இருதலைக்கொள்ளி எறும்பின் நிலை, எந்த மன்னரின் வாழ்க்கை வரலாற்றிலும் பதிவாகவில்லை.

ஆய்வின் மையத்துக்கு வருவோம். சடங்கின் போது பெட்டிமேல் மலர்வளையத்தின் நடுவே, மூன்றாம் சார்ல்ஸ் தம் கைப்பட எழுதிய சிறு அட்டை ஒன்று செருகப்பட்டிருந்தது. கேமரா அதை நெருக்கத்தில் காட்டியபோது, ஒரு குட்டிச் சிலந்தி அந்த அட்டையின் மேல் விறுவிறுவென்று ஓடியது. அபேயினுள் சுமார் 2,000 பேர் கூடியிருந்தனர். அமெரிக்க அதிபர் பதினான்காம் வரிசையில் இருத்தப்பட்டிருந்தார். இந்தச் சிலந்திக்கோ பெட்டிமேலேயே இடம் கிடைத்தது. அதற்கு முன், வரிசையாக வந்த பாதிரிமார்களில் ஒருவர் கையிலிருந்து தாள் ஒன்று நழுவித் தரையில் விழ, அந்தக் காட்சியும் வீடுகள்தோறும் பேசப்பட்டது. தாளில் என்ன எழுதியிருந்தது, எடுப்பாரா மாட்டாரா, அடுத்து வருபவர் மிதிப்பாரா என்று சோபாக்கள் கலந்தாய்ந்தபோது, கேன்டர்பரி பேராயரின் பிரசங்கத்துக்குக்கூடக் கிட்டாத கவனம் அந்தத் தாளுக்குக் கிட்டியது. இதனைப் பார்ப்பவரின் அற்பத்தனம் என்று ஒதுக்குவது எளிது. ஆனால் மருட்கை, அதாவது வியப்பு, பிறக்கும் நான்கு இடங்களுள் பெருமையோடு சிறுமையையும் தொல்காப்பியர் சேர்த்திருக்கிறார். ஒரு முழுநாள் பெருமையையே பார்த்துக் களைத்த கண் சிறுமையைத் தேடிப் போவது இயல்பே. பிழையற்ற அணிவகுப்பில் ஒட்டிக்கொள்ள இடம் இல்லாத அன்பு, சிலந்தியின் எட்டுக் காலையும் பற்றிக்கொள்கிறது.

தொலைக்காட்சி வருமுன் இத்தகைய பேறு பலருக்கு வாய்க்கவில்லை. 1936 ஜனவரியில் ஐந்தாம் ஜார்ஜின் பெட்டி லண்டன் தெருவில் சென்றபோது, அதன்மேல் இருந்த மகுடத்தின் உச்சிச் சிலுவை கழன்று கீழே விழ, உடன் நடந்த ராணுவ சார்ஜன்ட் மேஜர் ஒருவர் அதைப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டு நடையைத் தொடர்ந்தார். பிபிசியின் தொலைக்காட்சி ஒளிபரப்பு அவ்வாண்டு நவம்பரில்தான் முறையாகத் தொடங்கியது. ஒன்பது மாதத்துக்கும் மேலாக முந்திவிட்ட ஒரு பிழையை அருகில் நின்ற சிலர் மட்டுமே கண்டனர்.

பிழையைத் தேடும் கண் மரபுக்குப் பகையன்று, அதன் செவிலித்தாய் என்பதற்கு வலுவான சான்றும் உண்டு. 2022-இல் பார்த்தவர்களை மெய்சிலிர்க்க வைத்த காட்சி, 142 கடற்படையினர் வெள்ளைக் கயிறுகளைப் பிடித்துப் பீரங்கி வண்டியை ஒரே சீராக இழுத்துச் சென்றதாகும். நூற்றாண்டுகளின் கம்பீரம் என்று அதைப் போற்றினர். உண்மையில், 1901 பிப்ரவரியில் விக்டோரியா அரசியாரின் பெட்டியை வின்ட்சர் ரயில் நிலையத்திலிருந்து இழுக்க வேண்டிய குதிரைகள் குளிரில் நெடுநேரம் நின்று அடங்காமல் போய், பூட்டிய சேணமும் முறிந்துவிட, மரியாதை அணியில் நின்றிருந்த மாலுமிகளே அகப்பட்ட கயிறுகளைக் கட்டி வண்டியை இழுத்தனர். அன்றைய அவசர வேலை, அடுத்த மன்னரின் சடங்கிலிருந்து விதியாகிவிட்டது. இந்தத் தர்க்கத்தைத் தொடர்ந்தால், வருங்காலச் சடங்கு ஒன்றில், தேர்ந்த சிலந்தி ஒன்றை வெள்ளிப் பேழையில் ஏந்தி வந்து அட்டைமேல் இறக்கிவிடும் பதவிக்கு ஒரு பிரபு நியமிக்கப்படுவார் என்றும், அந்த வழக்கம் சாக்ஸன் காலத்தது என்று வர்ணனையாளர் தாழ்ந்த குரலில் கூறுவார் என்றும் எதிர்பார்க்கலாம்.

வின்ட்சரில் மிஞ்சியவற்றைச் சுருக்கமாகக் கூறலாம். அரண்மனையின் தலைமை அதிகாரியான லார்ட் சேம்பர்லின், தம் பணி முடிந்ததற்கு அடையாளமாக மெல்லிய வெண்கோலை இரண்டாக முறித்துப் பெட்டிமேல் வைத்தார். மன்னரின் அடக்கத்தில் இச்செயல் தொலைக்காட்சியில் காணக் கிடைத்தது இதுவே முதல் முறை என்பதால், முழங்காலில் வைத்து உடைப்பாரோ என்று காத்திருந்த சோபாக்களுக்குச் சிறு ஏமாற்றம். அதற்கு முன்பே, வெளியே எம்மா என்னும் மட்டக்குதிரையும், மியுக், சாண்டி என்னும் இரண்டு கார்கி நாய்களும் நின்ற காட்சியில், அதுவரை கலங்காதவர்களும் கலங்கினர். நாய்களின் பெயரை உச்சரிக்கும் முறை குறித்து வீட்டுக்கு வீடு பாடபேதம் எழுந்தது. கோல் முறிந்த பிறகு பெட்டி தரைக்குள் மெல்ல இறங்கியது.

மாலை ஏழரை மணிக்கு, குடும்பத்தார் மட்டும் கூடிய இறுதி அடக்கம் நடைபெற்றது. அதற்குக் கேமரா அனுமதிக்கப்படவில்லை. மூலம் கண்ணுக்கு மறைந்த பின்னும் உரை நிற்கவில்லை: உள்ளே இப்போது என்ன செய்துகொண்டிருப்பார்கள், யார் அழுதிருப்பார்கள், அந்தக் குட்டி இளவரசிக்குப் பசிக்காதா என்று திரையில் மீண்டும் மீண்டும் ஓடிய காலைக் காட்சிகளைப் பார்த்தபடியே சோபாக்கள் பேசிக்கொண்டிருந்தன. நடுவில் யாரோ எழுந்து, காலையிலிருந்து ஒன்பதாம் முறையாக, கெட்டிலில் தண்ணீர் பிடிக்கப் போனார்.