காடி நிறைய உதவியாளர்கள்

வெளிப்புறத்தில் ஆள் படம் எடுக்கப் பழகுகிறவன், கேமராவுக்கு முன்னால் பெரிய காடியாக ஒன்று வாங்கிக்கொள்வது உத்தமம். புதுமுக மாடல் என்று ஒரு பெண்ணை அழைத்தால் ஒரு பெண் மட்டும் வருவதில்லை. சித்தி மகளும் அவள் தோழியும் மாடலிங்கில் இறங்க முடிவெடுத்தார்கள். தோழிக்குத் துணையாக அவள் அம்மா, அந்த அம்மாவுக்குப் பேச்சுத்துணையாக என் அம்மா, காடி ஓட்ட அப்பா, மடியில் நாசி லெமாக் பொட்டலங்கள்.

கூலி விவகாரம் ஈப்போவைத் தாண்டுவதற்குள் கிளம்பிவிட்டது. புதியவர்களுக்குள் காசு கைமாறாது. அவர்கள் நிற்பார்கள், நான் எடுப்பேன், படம் இருவருக்கும் சொந்தம். அம்மாவுக்கு இது பிடிபடவேயில்லை. "தோட்டத்திலகூட மாசம் பொறந்தா கையில காசு கொடுத்தாங்கடா" என்றார்.

சூரியனும் எங்களோடு ஒத்துழைக்கவில்லை. ஈப்போ நிலநடுக்கோட்டிலிருந்து ஐந்து பாகைகூட விலகியில்லை. உச்சி வெயில் உச்சந்தலையிலேயே இறங்கி, கண்குழியில் நிழலை ஊற்றி, எந்த அழகியையும் ராத்திரி ஷிப்டு முடிந்து வந்தவளாக ஆக்கிவிடும். அந்த உச்சியும் பன்னிரண்டு மணிக்கு வராது. சபா, சரவாக்கோடு ஒத்துப்போகட்டும் என்று 1982 ஜனவரி 1-இல் தீபகற்பத்தின் கடிகாரங்களை அரை மணி நேரம் முன்னால் தள்ளிவைத்தார்கள். அதனால் சூரியன் ஒன்றேகால் வாக்கில்தான் தலைக்கு மேல் வருகிறது. மாலை ஏழு மணிக்கும் போக மனமில்லாமல் நிற்கிறது. கிளம்பிவிட்டாலோ நேராக விழுந்துவிடும். குளிர்நாட்டு யூடியூப் ஆசான்கள் நிதானமாக அனுபவிக்கும் அந்தப் பொன் வெளிச்சம், இங்கே ஒருத்தி முந்தானையைச் சரிசெய்வதற்குள் தீர்ந்துவிடும். அதுவும் சாயங்கால மழை விட்டுவைத்தால்.

முதலில் பத்து காஜா. வில்லியம் கெல்லி ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துத் துரை 1926-இல் லிஸ்பனில் இறந்துபோக, பாதியில் நின்றுபோன மாளிகை அங்கே இருக்கிறது. வளைவுகளுக்குள் பக்கவாட்டு வெளிச்சம் மெத்தென்று விழும். ஆனால் அன்று வளைவுக்கு ஒரு கல்யாண ஜோடி குடியிருந்தது. அம்மாக்கள் பக்கத்து மாரியம்மன் கோயிலுக்கு நடையைக் கட்டினார்கள். அதன் கூரையில் சாமிகளோடு சாமியாக, தொப்பி போட்ட துரை ஒருவரும் நிற்கிறார், கெல்லிதான் என்கிறார்கள். "பாருங்கடி, எத்தன வருசமா அசையாம நிக்கிறாரு. அவரு மாடலு" என்று அம்மா பெண்களுக்குப் பாடம் எடுத்தார்.

அங்கிருந்து சுங்கை சிப்புட் பக்கம். அம்மா பிறந்த தோட்டம் இப்போது முழுக்கச் செம்பனை. லயம் இருந்த சுவடுகூட இல்லை. ஓரத்தில் சிறுதோட்டக்காரர் ஒருவர் விட்டுவைத்திருந்த கித்தா மரங்களுக்குள், அவரிடம் சொல்லிவிட்டு நுழைந்தோம். பிப்ரவரி மாதம். இலைகள் சிவந்து உதிர்ந்துகொண்டிருந்தன. பெண்களுக்கு அது கொரியத் தொடர். அம்மாவுக்கு அது பால் குறைந்து சம்பளமும் குறையும் மாதம்.

அப்பா கையில் காடிக் கண்ணாடிக்கு வைக்கும் வெள்ளித்தாள் தட்டியைக் கொடுத்தேன். அது வீசிய வெளிச்சத்தில் தோழி கண்ணைத் திறக்கவேயில்லை. பையிலிருந்த வெள்ளை வேட்டியை விரித்துப் பிடிக்கச் சொன்னேன். எட்டு முழ வேட்டிக்கு ஈடான பிரதிபலிப்பானை எந்தக் கடைக்காரரும் எனக்கு இதுவரை காட்டியதில்லை.

கொசுவுக்கு அம்மா வைத்தியம் செய்தார். பால் மரம் வெட்டப் போகிறவர்கள் கட்டிக்கொள்வதுபோல, டின்னுக்குள் கொசுவத்தியைக் கொளுத்தித் தோழியின் பட்டுப்புடவை இடுப்பில் தொங்கவிட்டார். எதிர்வெயிலில் அந்தப் புகை இழையிழையாக ஒளிர்ந்தது. இதற்காகவே புகை மெஷின் வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள்.

தோழி உளியைக் கையில் பிடித்து மரத்தருகே சாய்ந்து நின்றாள். அம்மா பொறுக்கவில்லை.

"இடது பக்கம் ஏத்தம், வலது பக்கம் எறக்கம். நீ புடிச்சிருக்கறது தலைகீழ்லா!"

பட்டைக்குள் பால்குழாய்கள் சாய்ந்து ஓடுகின்றன. அவற்றுக்கு எதிர்ச்சரிவில் கீறினால்தான் நிறையக் குழாய்கள் அறுபட்டுப் பால் கூடுதலாக வரும். அதைச் சொல்லிக்கொண்டே உளியை வாங்கி, முழங்கையை விலாவோடு சேர்த்து, மரத்தைச் சுற்றிக் கால்களைப் பின்னுக்கு எடுத்துவைத்துக் காட்டினார். தோழி அப்படியே செய்தாள். அதுவரை இடுப்பில் கை வைப்பதைத் தவிர வேறு எதுவும் தெரியாதிருந்தவளுக்கு நிற்க ஒரு காரணம் கிடைத்துவிட்டது.

எஃப் 1.8-இல் எடுத்த படத்தை எல்லாருக்கும் காட்டினேன். முகம் பளிச்சென்றும் பின்னணி பாலாகக் கரைந்தும் இருந்தது. பெண்கள் கத்தினார்கள். அம்மா முகம் சுளித்தார். "பின்னாடி எல்லாம் கலங்கிப் போயிருக்கே, தோட்டம்னு எப்படித் தெரியும்?" அவருக்காக எஃப் 8-இல், நிரை நிரையாக மரம் தெரிய இன்னொன்று எடுத்தேன்.

முதல் படம் இன்ஸ்டாகிராமுக்குப் போனது. இரண்டாவதை அம்மா புந்தோங்கில் இருக்கும் மாமாவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினார். முப்பது வருடம் பால் வெட்டியவர். உடனே கூப்பிட்டார். நடுவில் பட்டுப்புடவையில் ஒரு பெண் நிற்பதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

"ரெண்டாவது மரத்த எவன் வெட்டினான்? பட்டையக் காயப்படுத்தி வச்சிருக்கான், மடையன்!"