கட்டைவிரலும் கான ரசனையும்: ஓர் ஆய்வு

பிள்ளைத்தமிழ் பாடியவர்கள் குழந்தைக்குப் பத்துப் பருவம் வகுத்தார்கள். உலா பாடியவர்கள் பேதை முதல் பேரிளம்பெண் வரை ஏழு வகுத்தார்கள். பாட்டுச் சேர்க்கும் மனிதனுக்குப் பருவம் வகுக்க மட்டும் யாரும் முன்வரவில்லை. அக்குறையை நீக்குவது இக்கட்டுரையின் நோக்கம். அவனுக்குப் பருவங்கள் நான்கு. அடுத்த வீட்டு வானொலியிலும் டீக்கடை ஸ்பீக்கரிலும் கேட்டுத் திரிவது இரவல் பருவம். கையில் நாலு காசு புரண்டதும் கேசட் வாங்குவது உடைமைப் பருவம். கண்டதையும் வட்டிலும் ஹார்டு டிஸ்கிலும் அள்ளிப் போடுவது குவிப்புப் பருவம். குவித்ததையெல்லாம் மறந்துவிட்டு, முதலிரு பருவத்துப் பாட்டுகளுக்கே திரும்பி, ‘அந்தக் காலத்துப் பாட்டு மாதிரி வருமா?’ என்று பெருமூச்சு விடுவது மீட்சிப் பருவம். இந்தப் பெருமூச்சுக்குக் காரணம் இசையின் தரம் வீழ்ந்ததே என்பது ஊரறிந்த கொள்கை. அது பிழை; காரணம் கட்டைவிரல் என்பதே எம் துணிபு. ஒரு பாட்டைத் தாண்டிப் போவது எவ்வளவு சிரமமோ, அவ்வளவுக்கு அந்தப் பாட்டு பிடித்துப்போகும்.

முதற்சான்று கேசட். பிலிப்ஸ் நிறுவனம் 1963-இல் அறிமுகப்படுத்திய இப்பொருளில் பிடிக்காத பாட்டைத் தாண்டுவது லேசான காரியமல்ல. ஃபார்வர்டு பட்டனை அழுத்தி, நாடா ஓடும் ஓசையைக் கேட்டு, உத்தேசமாக நிறுத்திப் பிளேயை அழுத்தினால், தாண்ட நினைத்த பாட்டின் கடைசிச் சரணம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும். அல்லது வேண்டிய பாட்டின் பல்லவி கடந்து போயிருக்கும். நாடா சிக்கினால் பென்சிலைத் தேட வேண்டும். பேட்டரி தீர்ந்துவிடும் கவலை வேறு. பேசாமல் விட்டால் நாலரை நிமிடத்தில் அதுவே முடிந்துவிடும் என்பதால் விவரமறிந்தவர்கள் சும்மா இருந்தார்கள். பத்தாவது முறை ஓடும்போது அதன் இடையிசையில் ஒரு புல்லாங்குழல் இருப்பது தெரிந்தது. இருபதாவது முறை அதற்காகவே கேசட்டைப் போட்டார்கள். ஒரு பக்கம் ஒரு படம், மறுபக்கம் வேறு படம் என்று வந்த கேசட்டுகளில், ஓடாத படத்தின் பாட்டுகளும் பலருக்கு மனப்பாடம் ஆனது இவ்வழியில்தான். ரெக்கார்டிங் சென்டரில் பட்டியல் எழுதிக்கொடுத்துப் பதிந்த 90 நிமிடக் கேசட்டில் ஏறக்குறைய இருபது பாட்டுகள் கொள்ளும். காசு கொடுத்துப் பதிந்ததில் எதையும் கேட்காமல் விட மனம் வராது. சோம்பலும் கருமித்தனமும் கூடிப் பெற்ற பிள்ளையே ரசனை என்க. இதற்கு மேலும் வலுவான சான்று, தியாகராஜருக்கும் மேலையிசை மேதை பாக்குக்கும் காணிக்கையாக இளையராஜா 1986-இல் தந்த ‘ஹவ் டு நேம் இட்’ என்னும் கருவியிசைத் தொகுப்பு. அதில் அடையாளம் சொல்லித் தேடப் பல்லவி கிடையாது. நினைவில் வைக்கப் படக்காட்சியும் கிடையாது. எதைத் தாண்டுவதென்றே தெரியாமல் முழுவதும் கேட்டவர்கள் அதற்கு ஆயுள் ரசிகர்கள் ஆனார்கள்.

1982-இல் குறுந்தகடு வந்தது. தாண்டுவது ஒரே அழுத்தலாயிற்று. எம்பி3 வந்ததும் 700 எம்பி வட்டில் 150 பாட்டுகள் அடங்கின. அடுத்து ஹார்டு டிஸ்க். பாட்டு ஒன்றுக்கு 5 எம்பி எனக் கொண்டால், 500 ஜிபி வட்டு ஒரு லட்சம் பாட்டுகளைத் தாங்கும். ஒவ்வொன்றும் ஐந்து நிமிடம், தினம் ஒரு மணி நேரம் எனக் கேட்டால், ஒரு சுற்று முடிய ஏறத்தாழ 23 ஆண்டுகள் ஆகும். இதைச் சேர்ப்பவர் கேட்பதற்காகச் சேர்க்கவில்லை. நகல் ஏறும்போது திரையில் நகரும் பச்சைக் கோட்டைப் பார்ப்பதிலேயே அவருக்குக் கச்சேரி முடிந்துவிடுகிறது. இன்றோ ஸ்பாட்டிஃபை 30 விநாடி ஓடினாலே ஒரு பாட்டைக் கேட்டதாகக் கணக்கெழுதுகிறது. இந்த வசதிகளெல்லாம் கையில் இருந்தும், 2017-இல் சரிகம நிறுவனம் 5,000 பழைய பாட்டுகளை அடைத்து, பழைய ரேடியோ வடிவில் கார்வான் என்னும் பாட்டுப்பெட்டியை வெளியிட்டபோது மீட்சிப் பருவத்தார் விரும்பி வாங்கினார்கள். தாமே தேர்ந்தெடுக்கும் தொல்லையிலிருந்து விடுபடக் காசு கொடுத்தார்கள் என்பதே இதன் பொருள்.

இனித் தடையும் விடையும். இளமையில் கேட்டவை ஆழப் பதிவது மூளையின் இயல்பு, விரலுக்கு இதில் என்ன வேலை என்பது முதல் தடை. அப்படியானால் 2000-க்குப் பின் பிறந்த பிள்ளைகள் எண்பதுகளின் பாட்டுகளை வரி பிசகாமல் பாடுவது எப்படி? அவர்கள் அப்பாவின் காரில் பின்னிருக்கையிலும் வெளியூர்ப் பேருந்தின் ஜன்னலோரத்திலும் வளர்ந்தவர்கள். பட்டன் ஓட்டுநரிடம் இருந்தது. மூளையின் இளமை மட்டுமே காரணமென்றால் தம் காலத்துப் பாட்டோடு அவர்கள் நின்றிருப்பார்கள். தாண்ட முடியாத பாட்டு வெறுப்பையும் தருமே, ஆடி மாதத்து விடியற்காலை ஒலிபெருக்கி எத்தனை பேர் தூக்கத்தைக் கெடுத்திருக்கிறது என்பது இரண்டாம் தடை. இது கனமான தடைதான். ஆனால் அந்த வெறுப்பு ஊர் எல்லைக்குள் மட்டுமே செல்லும். அதே ஆள் துபாயில் ஓர் அறையில், எல்.ஆர். ஈஸ்வரியின் அம்மன் பாட்டு எங்கிருந்தோ காதில் விழுந்ததும் ஊருக்குப் போன் போடுகிறார். வெறுப்பென்பது கனியாத விருப்பம் என்று கொண்டால் தடை நீங்கும்.

இக்கால இளைஞரும் ஒரே பாட்டில் பித்தாகத் திரிகிறார்களே, அவர்கள் விரலில் சோம்பல் ஏது என்பது மூன்றாம் தடை. அவர்கள் பித்தானது பாட்டின் ஒரு துண்டுக்கு. ரீல்ஸில் நூறு பேர் அதே துண்டுக்கு ஆடுவதால், எத்தனை முறை தள்ளினாலும் அது வேறு முகத்தோடு திரும்பி வருகிறது. தாண்ட முடியாதது பிடித்துப்போகிறது. சரணத்தைக் கேளுங்கள், தெரியாது. ஆகவே இத்தடையும் எம் கொள்கைக்கே சான்றாகிறது. ஒரு கொள்கைக்கு எதிர்காலத்தைச் சொல்லும் வல்லமையும் வேண்டும் என்பர். சந்தா கட்டாமல் செயலியில் பாட்டுக் கேட்கும் இன்றைய இளைஞர், சில பாட்டுகளையாவது பாதியில் தள்ளிவிடலாம். நடுவில் வரும் விளம்பரத்தை மட்டும் தள்ள வழியில்லை. எனவே 2060-இல் பேரப்பிள்ளைகளை அருகில் உட்காரவைத்து, சமையல் எண்ணெய் விளம்பரம் ஒன்றை முதலிலிருந்து முடிவுவரை கண்ணீர் மல்கப் பாடிக்காட்டி, ‘இந்த மாதிரி இப்ப எவன் போடறான்?’ என்று அவர் கேட்பார்.