ஓடத் தெரிந்தவர்களுக்கு ஓடக் கற்றுக்கொடுப்பது எப்படி?

முதலில் ஒரு விசில் வாங்குங்கள். பெங்களூரு விவேக் நகரில் பெண் பிள்ளைகளுக்கு ஓட்டப் பயிற்சி தர, ஞாயிற்றுக்கிழமையும் வேறு சில நாளும் விடியலில் சம்பளமில்லாமல் வந்து நிற்கப்போகும் உங்களுக்கு வேறு அடையாளம் எதுவும் கிடையாது. ட்ராக் பேன்ட் பால் பாக்கெட் வாங்க வந்தவரும் போட்டிருப்பார். மணிக்கட்டில் நாடித்துடிப்பு எண்ணும் கடிகாரம் இன்று யாரிடம் இல்லை? விசில்தான் உங்களைக் கோச் ஆக்குகிறது. அதை ஊதத் தேவையில்லை. ஆறு மணிக்கு ஊதினால் எதிர்வீட்டு மாடியிலிருந்து கன்னடத்திலும் தமிழிலும் வருகிற பதில், பிள்ளைகள் காதில் விழக்கூடாதது.

அடுத்தது எக்ஸெல். நீங்கள் ஐ.டி.யில் இருப்பவர் என்றே வைத்துக்கொள்கிறேன்; இந்த ஊரில் எதையாவது இலவசமாகக் கற்றுத்தர வருபவர் பெரும்பாலும் அவர்தான். பன்னிரண்டு வாரத் திட்டம் போடுங்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு வரிசை. தூரம், நேரம், வருகை என்று பச்சை, மஞ்சள், சிவப்புக் கட்டங்கள். இரண்டாம் வாரமே மூடிவிடுவீர்கள். "தண்ணி லாரி வந்துடுச்சு சார்" என்பதற்கு அதில் கட்டம் இருக்காது. லாரிச் சத்தம் கேட்டு மூன்றாம் மாடியிலிருந்து இரண்டு குடத்தோடு இறங்கிவந்து, வரிசையில் நான்காவதாக நிற்கிற பெண்ணுக்கு நீங்கள் 'ஸ்டார்ட்' எடுக்கச் சொல்லித்தரப் போகிறீர்கள். வாழ்த்துகள்.

வங்கி வேலைக்காக அமெரிக்காவின் சார்லட் நகருக்குப் போய்வந்தவராக இருந்தால் உங்களுக்கு இன்னொரு ஆபத்து உண்டு. அங்கே 1996-ல் மோலி பார்க்கர் என்பவர் 13 சிறுமிகளோடு தொடங்கிய 'கேர்ள்ஸ் ஆன் தி ரன்' பின்னர் நாடு முழுக்கப் பரவியது. ஓட்டத்தோடு தன்மதிப்பு, நட்பு பற்றியெல்லாம் பேசவைப்பார்கள். பருவ முடிவில் எல்லோருமாக 5 கிலோமீட்டர் ஓடுவார்கள். நல்ல திட்டம். அதை அப்படியே இறக்கி, பிள்ளைகளை வட்டமாக உட்காரவைத்து, "உன்னிடம் உனக்குப் பிடித்தது என்ன?" என்று கேளுங்கள். ஐந்து நிமிடம் சிரிப்பார்கள். பிறகு ஒருத்தி கையைத் தூக்குவாள். நீங்கள் ஆவலோடு பார்ப்பீர்கள். "இன்னிக்கு முட்டை உண்டா சார்?"

முட்டை உண்டு என்பதே சரியான பதில். முட்டை சாப்பிடாத பிள்ளைக்கு வாழைப்பழம் அல்லது கடலை மிட்டாய் என்று கர்நாடக அரசுப் பள்ளிகளில் ஏற்கெனவே ஓர் ஏற்பாடு இருக்கிறது, அதைக் காப்பியடியுங்கள். புரோட்டீன் பவுடர் பற்றி உங்களுக்குத் தெரிந்ததை உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள்.

இடம் பார்க்கும் வேலைக்கு வருவோம். கண்டீரவா ஸ்டேடியத்தில் செயற்கை ஓடுதளம் இருக்கிறது. பழைய சம்பங்கி ஏரி இருந்த இடம் அது. விவேக் நகருக்குப் பக்கம்தான், உங்கள் ஸ்கூட்டருக்கு. இருபது பிள்ளைகளுக்கு பஸ், சில்லறை, வீட்டு அனுமதி மூன்றையும் கூட்டினால் அது மைசூர் தூரம். ஆஸ்டின் டவுன் மைதானம் தலைமுறை தலைமுறையாகக் கால்பந்துக்காரர்களுடையது. ஓரமாக ஓடிக்கொள்கிறோம் என்றால் சம்மதிப்பார்கள், தலையில் பந்து விழுவதையும் சேர்த்து. ஈஜிபுராவைத் தாண்டினால் நேஷனல் கேம்ஸ் வில்லேஜ். 1997-ல் இங்கே நடந்த தேசிய விளையாட்டுப் போட்டிக்கு வந்தவர்கள் தங்குவதற்காகக் கட்டிய குடியிருப்பு. பெயரில் விளையாட்டு இன்னும் இருக்கிறது. உங்கள் பிள்ளைகளில் பலருடைய அம்மாக்கள் அது இருக்கிற கோரமங்களாவின் அபார்ட்மென்டுகளில்தான் வீட்டுவேலை செய்கிறார்கள். அவர்களுக்கு கேட்டில் காட்ட அட்டை உண்டு; ஓடிப்பார்க்க ஆசைப்படும் மகளுக்கு அப்படி எந்த அட்டையும் இல்லை.

ஈஜிபுரா மேம்பாலத்துக்கு அடியில் ஓடலாமே, நிழலாக இருக்கும் என்று சக தன்னார்வலர் ஒருவர் யோசனை சொல்வார். 2017-ல் வேலை தொடங்கி, வருடக்கணக்கில் வெறும் தூண்களாக நின்ற பாலம் அது. இலக்கைத் தொடுவது பற்றிப் பிள்ளைகளுக்கு அது தரும் பாடம் சரியில்லை.

கடைசியில் தெருவிலேதான் ஓடுவீர்கள். வியாழக்கிழமை மட்டும் வேண்டாம். அன்று இங்குள்ள குழந்தை இயேசு ஆலயத்துக்கு எல்லா மதத்தாரும் வருவார்கள்; மெழுகுவர்த்தி, பூமாலை, ஆட்டோ என்று தெரு அடைத்துவிடும். அந்தக் கூட்டத்துக்குள் பிள்ளைகளை ஓடவிட்டால் ஏதோ நேர்த்திக்கடன் என்று நினைத்து வழிவிடுவார்கள். வேகம் கூடத்தான் செய்யும், ஆனால் அதைப் பயிற்சிக் கணக்கில் எழுத முடியாது.

நேரத்துக்கு வருவது பற்றி ஒரு வார்த்தை. 1984 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் 400 மீட்டர் தடை ஓட்டத்தில் பி.டி. உஷா வெண்கலத்தைத் தவறவிட்டது ஒரு வினாடியின் நூறில் ஒரு பங்கில். இந்தக் கதையைப் பிள்ளைகளுக்கு உருக்கமாகச் சொல்லுங்கள், இருபத்தைந்து நிமிடம் தாமதமாக வந்து. "சில்க் போர்டுல டிராஃபிக்" என்ற சமாதானம் ஞாயிறு காலை ஐந்தே முக்காலுக்குச் செல்லாது என்பது ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். அவள் அதற்குள் தம்பியை எழுப்பி, பால் காய்ச்சி, சோறு வடித்துவிட்டு வந்து நிற்கிறாள்.

அனுமதி வாங்குவது என்றால் படிவத்தில் கையெழுத்து வாங்குவது என்று நினைத்திருப்பீர்கள். படிவம் அச்சடியுங்கள், நல்லதுதான். மழையில் நனைந்த ஷூவுக்குள் திணிக்க உதவும். அனுமதி தருவது அப்பாவாக இருக்காது. அப்பா 'சரி' என்பார். அந்தச் சரிக்கு அந்த வீட்டில் எந்த மதிப்பும் இல்லை. அம்மாவைத்தான் பார்க்க வேண்டும். அவர் ஆறு மணிக்கு வேலைக்குக் கிளம்பி இரண்டு மணிக்குத் திரும்புவார். நீங்கள் போகிற நேரத்தில் துணி துவைத்துக்கொண்டிருப்பார். பெண் கல்வி, அதிகாரம் என்று நீங்கள் தயாரித்துக்கொண்டுவந்த உரையைக் கடைசிவரை பொறுமையாகக் கேட்பார். பிறகு கேட்பார்: "எல்லாம் சரிங்க சார். அவ வந்துட்டா சின்னவன யாரு பாத்துக்கறது?"

இந்தக் கேள்விக்கு உங்கள் பயிற்சிக் கையேட்டில் பதில் இல்லை. சின்னவனையும் கூட்டிக்கொண்டு வரச் சொல்லுங்கள். மூன்று வயதுத் தம்பிகள் நாலு பேர், ஒரு கைக்குழந்தை, ஒரு பழைய பெட்ஷீட், ஒரு பந்து. இவர்களைப் பார்த்துக்கொள்ள ஒரு தன்னார்வலர். அந்த ஒரு தன்னார்வலர் நீங்களாகவே இருக்கலாம். பிள்ளைகள் ஓடுவதற்கு நீங்கள் செய்யக்கூடிய பெரிய உதவி பெரும்பாலும் அதுதான்.

அம்மாவைத் தாண்டினால் ஆயா. "குதிச்சு குதிச்சு ஓடினா பொம்பளப் புள்ளைக்கு கர்ப்பப்பை எறங்கிடும்" என்பார். சிரித்துவிடாதீர்கள். பெண்ணுடம்பு இதைத் தாங்காது என்று ஒலிம்பிக் நடத்திய கனவான்களும் நம்பியவர்கள்தான். 1928 ஆம்ஸ்டர்டாமில் பெண்களுக்கு முதன்முதலாக 800 மீட்டர் வைத்தார்கள். ஜெர்மனியின் லீனா ராட்கே 2 நிமிடம் 16.8 வினாடியில் ஓடி ஜெயித்தார். ஓடி முடித்தவர்கள் மூச்சு வாங்கித் தரையில் சாய்ந்ததை, பெண்கள் கொத்துக் கொத்தாக மயங்கி விழுந்ததாகப் பத்திரிகைகள் எழுதின. ஆண்கள் ஓடி முடித்துச் சாய்ந்தால் அதற்குப் பெயர் வீரம். ஒலிம்பிக்கில் 200 மீட்டருக்கு மேல் பெண்களுக்கு ஓட்டமே இல்லை என்றானது. 800 திரும்பிவர 1960 ரோம் வரை ஆயிற்று. விவேக் நகர் ஆயாவைச் சம்மதிக்கவைக்க 32 வருடம் தேவைப்படாது. முழங்கால் வலித் தைலத்தோடு நாலு தடவை போய் உட்கார்ந்து அவர் பேசுவதைக் கேட்டால் போதும்.

அதே 800 மீட்டரில்தான் புதுக்கோட்டை மாவட்டத்துச் சாந்தி சௌந்திரராஜன் 2006 தோஹா ஆசிய விளையாட்டில் வெள்ளி வாங்கினார். பாலினச் சோதனையைக் காரணம் காட்டிப் பதக்கத்தைப் பறித்தார்கள். செங்கல் சூளையில் கூலி வேலை பார்த்தார். பிறகு பயிற்சியாளர் படிப்பு முடித்து, தமிழ்நாட்டில் பிள்ளைகளுக்கு ஓட்டம் சொல்லித்தரும் கோச் ஆனார். பிள்ளைகளுக்கு யார் கதையாவது சொல்லியே ஆக வேண்டுமென்றால் இவருடையதைச் சொல்லுங்கள். காலண்டரில் போடுகிற விடாமுயற்சிக் கதையாக மட்டும் ஆக்கிவிடாதீர்கள். "அப்ப அந்த மெடல திருப்பிக் குடுத்துட்டாங்களா சார்?" என்று ஒருத்தி கேட்பாள். இல்லை என்று சொல்லுங்கள். விசிலை எடுத்துப் பேச்சை மாற்றாதீர்கள்.

இனி கழிவறை. மைதானம், பள்ளிக்கூடம், சமுதாயக் கூடம் எங்கே ஓடினாலும் கழிவறை ஒன்று இருக்கும், பூட்டும் இருக்கும், சாவி வாட்ச்மேனிடம் இருக்கும், வாட்ச்மேன் டீ குடிக்கப் போயிருப்பார். உங்கள் எக்ஸெலில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளின் வருகை மாதத்தில் மூன்று நான்கு நாள் சிவப்பாவதைப் பார்த்து 'ஊக்கம் குறைகிறது' என்று குறிப்பு எழுதியிருப்பீர்கள். ஊக்கத்துக்கு ஒரு குறையும் இல்லை. 'வயித்து வலி சார்' என்று சொல்ல ஒரு சாரைத் தவிர வேறு யாரும் அங்கே இல்லை, அவ்வளவுதான். ஒரு பெண் தன்னார்வலர், பையில் நாப்கின், திறந்திருக்கிற கழிவறை. ஊக்க உரையை இதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

ஒரு விஷயத்தில் மட்டும் கிண்டல் இல்லை. எந்தப் பிள்ளையையும் தனியாக வண்டியில் ஏற்றாதீர்கள், தனியாகப் பயிற்சி என்று கூப்பிடாதீர்கள், உங்கள் போனிலிருந்து அவளுக்குத் தனியாகச் செய்தி அனுப்பாதீர்கள். எப்போதும் இன்னொரு பெரியவர் கூட இருக்கட்டும், முடிந்தால் ஒரு பெண். 2012-ன் போக்ஸோ சட்டத்தைப் படித்துவிட்டு வாருங்கள். 'என்னைத் தெரியாதா?' என்று கோபப்படுபவர் வீட்டிலேயே ஓடிக்கொள்ளலாம்.

ஷூவைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. உங்கள் ஷூ என்ன விலை என்று கேட்பார்கள். பொய் சொல்லுங்கள்.

பயிற்சியின் உச்சம் போட்டி நாள். 2008-லிருந்து பெங்களூரில் வேர்ல்டு 10கே நடக்கிறது. ஜாலியாக ஓடுபவர்களுக்கென்று அதில் 'மஜா ரன்' உண்டு. பிள்ளைகளை அதற்குக் கூட்டிப்போங்கள். டீ-ஷர்ட் எல்லாம் பெரிய சைஸில்தான் மிஞ்சும். முழங்கால் வரை தொங்கும் சட்டைக்கு மேல் நம்பரை ஊக்குக் குத்திக்கொண்டு நிற்பார்கள். மெதுவாக ஆரம்பியுங்கள், தண்ணீர் குடியுங்கள், மூச்சை இழுத்து விடுங்கள் என்று நீங்கள் சொல்லிக்கொண்டிருக்கும்போதே கூட்டம் நகரும், அவர்கள் போய்விடுவார்கள். இரண்டாவது கிலோமீட்டரில் உங்களுக்கு விலா பிடித்துக்கொள்ளும். முடிவுக் கோட்டில் அவர்கள் உங்களுக்காகக் காத்திருப்பார்கள், உங்கள் பங்கு பிஸ்கட்டையும் முடித்துவிட்டு. குரூப் போட்டோவில் நடுவில் நில்லுங்கள். எல்லாத் தன்னார்வலர்களும் அப்படித்தான் நிற்கிறார்கள்.

ஒரு நாள் நீங்கள் கிளம்புவீர்கள். ஆன்சைட் வரும், கல்யாணம் வரும், உங்கள் மாரத்தானுக்கு நீண்ட தூர ஓட்டம் ஞாயிற்றுக்கிழமைதான் என்று அட்டவணை சொல்லும். வாட்ஸ்அப்பில் கைகூப்பிய பொம்மை போட்டு விலகாதீர்கள். நேரில் போய், எந்த வாரத்திலிருந்து வர மாட்டீர்கள் என்று அம்மாக்களிடம் சொல்லுங்கள். அவர்கள் வேலை நேரத்தை மாற்றிக்கொண்டுதான் பிள்ளைகளை அனுப்பிக்கொண்டிருந்தார்கள். விசிலைப் பெரிய பிள்ளைகளில் ஒருத்தியிடம் கொடுங்கள். நன்றியுரையை வற்புறுத்திக் கேட்டுவாங்க வேண்டாம். அடுத்து வருபவருக்கு எக்ஸெலை அனுப்பத் தேவையில்லை. வாட்ச்மேனின் போன் நம்பர், அவர் டீ குடிக்கப் போகும் நேரம், எந்த ஆயாவுக்கு எந்தத் தைலம். இவ்வளவும் ஒரு துண்டுச்சீட்டில் அடங்கும்.