முன்னால ரெண்டு, பொறகால ஒண்ணு, ஊடால மாமனார்

ஏனுங்க மாப்பிள்ளை, வண்டிக்குப் பொறகால ஷாக் அப்சார்பரை மாத்தப் போறீங்கன்னு அம்மிணி சொல்லுச்சு. ரொம்ப சந்தோசமுங்க. பிராம்ப்டன்ல ஊடு வாங்கி, காரைப் பனியில நிறுத்திப்போட்டு, அந்த மூணு சக்கர ஸ்பைடர் வண்டியக் கராஜுக்குள்ள குடி வெச்ச மகராசன் நீங்க. அதுக்கு இன்னுங் கொஞ்சம் செலவு பண்ணலீன்னா நம்ம கௌரவம் என்னத்துக்கு ஆகறது? தாராளமா மாத்துங்க, நானு குறுக்க நிக்க மாட்டேன். சங்ககிரி லாரிப் பட்டறையில பாதி ஆயுசக் கழிச்சவன், கேக்காட்டியும் சொல்லியே பழகிப்போச்சு. அதனால ரெண்டு வார்த்தை காதுல போட்டு வெக்கறேன். எடுத்துக்கறதும் உடறதும் உங்க இஷ்டம்.

எதுக்கு மாத்தறீங்கன்னு கேட்டதுக்கு, "வளைவுல திருப்பினா வண்டி வெளிப்பக்கம் சாயுதுங்க மாமா, ஆளைத் தூக்கி வீசறாப்பல இருக்குது"ன்னீங்க. சேரி. பொறகால ஷாக் மாத்துனா அது நிக்கும்னு எந்த வாத்தியாருங்க சொன்னது? விசாரிச்சுப் பாத்தா, உங்க சிநேகிதர் ஹார்லி ட்ரை கிளைடு வெச்சிருக்காராமா. அவரு பொறகால ரெண்டு ஷாக்கும் புதுசாப் போட்டாராமா. இப்ப வளைவுல வண்டி அலுங்காமப் போகுதாமா. அதக் கேட்டுப்போட்டு வந்த நாள்ல இருந்து உங்களுக்குத் தூக்கம் இல்லீங்களாமா.

அவரு சொன்னது பொய்யில்லீங்க. அது அவரு வண்டிக்கு உண்மை. ஹார்லிக்காரங்க 1932-ல இருந்து 1973 வரைக்கும் சர்வி-கார்னு ஒரு மூணு சக்கர வண்டி செஞ்சாங்க. போலீஸ்காரங்களும் ஒர்க்‌ஷாப்காரங்களும் வெச்சு ஓட்டுனது. முன்னால ஒண்ணு, பொறகால ரெண்டு. அந்த அமைப்புலயேதான் 2009 மாடலா ட்ரை கிளைடு வந்துச்சு. முன்னால இருக்கறது ஒத்தச் சக்கரம், அதால பக்கவாட்டுச் சாய்மானத்தத் தாங்க முடியாது. தாங்கறது பூராவும் பொறகால ரெண்டு சக்கரந்தான். அங்க ஷாக்கு தளந்து போயிருந்தா வண்டி ஆடத்தான் செய்யும், நல்லதாப் போட்டா அடங்கத்தான் செய்யும்.

உங்க ஸ்பைடர் ஆர்டி அதுக்கு நேர்த் தலைகீழுங்க. கியூபெக்குல வால்கோர்ட்டுன்னு ஒரு ஊரு. பனி மேல ஓடற ஸ்கி-டூ வண்டிய 1959-ல கொண்டாந்த கம்பெனியோட ஊரு அது. அந்தக் கம்பெனிக்காரங்கதான் 2007-ல ஸ்பைடரக் காட்டுனாங்க. தூரப் பயணத்துக்குன்னு ஆர்டி வந்தது 2010 மாடல்ல. முன்னால ரெண்டு சக்கரம், பொறகால ஒண்ணே ஒண்ணு. இதுல வளைவுச் சாய்மானத்தத் தாங்கறது முன்னால ரெண்டு ஷாக்கும், அந்த ரெண்டு பக்கத்தையும் இணைச்சுக் கட்டியிருக்கற ஆன்டி-ரோல் பாரும். பொறகால தங்கத்துலயே ஷாக் செஞ்சு மாட்டுனாலும் வளைவுல வண்டி அதே சாய்மானந்தான் சாயும். சிநேகிதருக்கு இடுப்புல வலி, அவரு தைலம் தேச்சாரு. உங்களுக்குக் கழுத்துல வலி, நீங்களும் இடுப்புலயே தேச்சுக்கறேன்ங்கறீங்க. தேயுங்க, தைலத்துக்கு வாசனையாவது இருக்கும்.

அப்பப் பொறகால ஷாக்குக்கு வேலையே இல்லையான்னு கேக்காதீங்க. வெகு வேலை இருக்குது. வண்டி மட்டுமே 460 கிலோப் பக்கம். அதுக்கு மேல நீங்க, அம்மிணி, பொட்டி நெறைய சாமான். முன்னால உக்காந்து ஓட்டற உங்களுக்குக் குலுக்கல் பாதிதான் தெரியும். பொறகால சீட்டு அந்த ஒத்தச் சக்கரத்துக்குப் பக்கத்துல இருக்குது, அடி பூராவும் அங்கதான். இன்னொரு சங்கதியும் கேளுங்க. ரெண்டு சக்கர வண்டின்னா குழியப் பாத்து ஒதுங்கிப் போயிரலாம், காருன்னா ரெண்டு சக்கரத்துக்கு ஊடால உட்டுரலாம். உங்குளுது மூணு தடம். முன்னால ரெண்டும் குழியத் தாண்டி ரெண்டு பக்கமும் பத்திரமாப் போயிரும், நீங்க கெட்டிக்காரத்தனமா ஓட்டுனதா நெனச்சுக்குவீங்க. பொறகால வர்ற சக்கரம் அந்தக் குழிக்குள்ள நேரா எறங்கும். அப்ப "அப்பா"ன்னு ஒரு சத்தம் கேக்கும் பாருங்க, அது என்னையக் கூப்படறதுங்க.

இந்த நாட்டுல குழிக்கும் பஞ்சமில்லை. மழைத்தண்ணி ரோட்டு வெடிப்புல எறங்கி, குளுருல ஐஸாகி, நூத்துக்கு ஒம்பது பங்கு பெருத்து, தாரை மேல தூக்கிப்போடுது. வெயில் வந்ததும் ஐஸ் உருகி அடியில பொந்தாயிருது. அது மேல லாரி ஏறுனா முடிஞ்சுது. மார்ச்சு, ஏப்ரல்ல நீங்க ஆசையா வண்டிய வெளிய எடுக்கற நேரத்துலதான் அந்தக் குழியெல்லாமும் வெளிய வருது.

அதனால மாத்தறதுதான்னு முடிவு பண்றதுக்கு முந்தி, காசு செலவில்லாத வேலை நாலு இருக்குதுங்க. காசு செலவில்லைங்கறதுக்காக ஏளனமா நெனைக்கப்படாது.

ஒண்ணு, டயர்ல காத்து. கம்பெனி ஸ்டிக்கர்ல போட்டிருக்கற அளவு இருக்குதான்னு வண்டி சூடாகறதுக்கு முந்தியே பாருங்க. காத்த ஏத்தி வெச்சுக்கிட்டு ஷாக்கத் திட்டறவங்க மம்மானியா இருக்காங்க. ரெண்டு, ஸ்பிரிங்கோட சேந்து பாரந்தாங்கற காத்துப் பை. சில மாடல்ல கம்ப்ரஸர் அதுவாவே ஏத்தி எறக்கிக்கும், சிலதுல நாமதான் புடிக்கோணும். குழாயில கசிவு இருந்தா ராத்திரியோட ராத்திரியாப் பொறகால தணிஞ்சு போயிரும். அதுக்குப் புது ஷாக்கு வேண்டீதில்லை, சோப்புத் தண்ணி போதும், எங்க முட்டை உடுதுன்னு பாத்தர்லாம்.

மூணாவது, டார்ச்சு அடிச்சு ஷாக்கோட தண்டப் பாருங்க. வெரல வெச்சு வழிச்சா எண்ணெயும் புழுதியும் கலந்து கரிச்சேறா ஒட்டுச்சுன்னா சீல் போயிருச்சு. வண்டியப் பொறகால புடிச்சு ஒரு அமுக்கு அமுக்கி உடுங்க. ஒருக்கா மேல வந்து நின்னா உசுரு இருக்குது. மறுக்கா மறுக்காக் குதிச்சா எண்ணெய் வேலை செய்யலைன்னு அர்த்தம். நாலாவது, அந்தத் தண்டுல ஒரு கேபிள் டையச் சுத்தி, வழுக்கிப் போறாப்பல லேசா இறுக்கிப்போட்டு, ஓட்டிட்டு வந்து பாருங்க. ஷாக்கு எவ்வளவு அமுங்குச்சோ அங்க வரைக்கும் அது தள்ளுப்பட்டு நிக்கும். முட்டுற எடத்துக்கே போய் நின்னுதுன்னா ஷாக்கு அடி வரைக்கும் எறங்கி ரப்பர்ல மோதுது. அப்ப மாத்தறதுல ஞாயம் இருக்குது. பாதியில நின்னுதுன்னா அந்தக் காசுல அம்மிணிக்கு ஒரு வளையல் வரும்.

இனி சட்டமான வெவரம் ஒண்ணு. ஸ்பிரிங்கு தாங்கறது பாரத்த. உள்ள இருக்கற எண்ணெய் அடக்கறது ஆட்டத்த. சின்னச் சின்ன ஓட்டை வழியா எண்ணெயப் புகுத்திப் புகுத்தி, குலுக்கலச் சூடா மாத்தித் தொலைக்குது. தூரம் போகப் போக எண்ணெய் காஞ்சு நுரை கட்டுச்சுன்னா ஷாக்கு மசங்கிப்போகும். நல்ல ஷாக்குல நைட்ரஜன் வாயுவ அழுத்தி அடைச்சு வெக்கறது அந்த நுரை வராம இருக்கறதுக்குத்தான். ஓரத்துல திருகறாங்களே ப்ரீலோடுன்னு, அது ஸ்பிரிங்கக் கெட்டியாக்கற சமாச்சாரமில்லீங்க. வண்டி நிக்கற உசரத்தத்தான் ஏத்தும். ஸ்பிரிங்கு மெத்துன்னு இருந்தா நீங்க கை வலிக்கத் திருகுனாலும் அது மெத்துன்னுதான் இருக்கும்.

அதுக்காக ஒரேயடியா முரட்டு ஸ்பிரிங்காப் போட்டராதீங்க. எங்க பட்டறைக்கு வர்ற லாரிக்காரரு, பாரம் கூட ஏத்தறதுக்கு எக்ஸ்ட்ரா பட்டை வெக்கச் சொல்லுவாரு. வெச்சுக் குடுப்போம். பாரத்தோட போறப்ப வண்டி சொன்னபடி கேக்கும். எறக்கிப்போட்டுக் காலியாத் திரும்பறப்ப டிரைவரு முதுகெலும்பு ஒவ்வொரு கணுவும் தனித்தனியாப் பேசும். மொதலாளி வண்டியில ஏறாததால அவருக்கு அது கேக்கறதில்லை. உங்க கதையும் அதுதான். வாரத்துல அஞ்சு நாளு ஒத்தையா ஓட்டிப்போட்டு, வருசத்துல ஒருக்காப் போற தூரப் பயணத்துக்குன்னு ஸ்பிரிங்கு வாங்கப்படாது. நெசமா எப்படி ஓட்டறீங்களோ அதுக்குத்தான் வாங்கோணும்.

கியூபெக்குலயே எல்கான்னு ஒரு கம்பெனி இந்த வண்டிக்குன்னே ஷாக்கு செய்யறாங்க. எவங்கிட்ட வாங்குனாலும் மூணு கேள்வி கேளுங்க. காத்துப் பை இருக்கற மாடலுக்கு அது ஒத்து வருமா, இல்லை அதக் கழட்டி எறியோணுமா? சீல் போனாப் பிரிச்சு மாத்தற சாதியா, ஒட்டுக்காத் தூக்கிப் போடற சாதியா? ஸ்பிரிங்க மட்டும் தனியா மாத்திக்கலாமா? அவங்க உங்களத் திருப்பிக் கேக்கறது ஒரே கேள்வி, எடை என்னன்னு. அங்கதான் ஆம்பளைக தடுமாறுவாங்க. கல்யாணப் பத்திரிகை அடிச்சப்ப இருந்த எடைய எழுதிப்போடாதீங்க. அம்மிணி சமையலுக்கு மருவாதி குடுத்து, இப்ப இருக்கற எடைய, ஹெல்மெட்டு, ஜாக்கெட்டு, பூட்ஸோட ஏறி நின்னு பாத்து எழுதுங்க.

மாட்டுன பொறகு திருகு முள்ளையெல்லாம் ஒரே நாள்ல திருகி வெளையாடாதீங்க. கம்பெனி வெச்ச எடத்துல இருந்து ஆரம்பிச்சு, ஒரு நேரத்துக்கு ஒரு திருகு, எத்தன கிளிக்குன்னு நோட்டுல எழுதி வெச்சு ஓட்டிப் பாருங்க. பொறகால உசரம் மாறுனா ஹெட்லைட்டும் மாறும். தணிஞ்சு உக்காந்தா எதுக்க வர்றவன் கண்ணக் கூசும், ஏறி நின்னா உங்களுக்கே ரோடு தெரியாது. அதையும் சரி பண்ணிக்கோணும். வளைவுச் சாய்மானத்துக்கு முன்னால இருக்கற ஆன்டி-ரோல் பாரு கெட்டியானது கெடைக்குது, அதத் தனியா விசாரிச்சுக்குங்க. வளைவுக்கு முந்தியே வேகத்தக் கொறைக்கறதுன்னு ஒரு வழியும் இருக்குது. அது இனாமுங்க.

கடைசியா அளவு. சக்கரத்தத் தொங்கலா உட்டு, அச்சுல இருந்து நேர் மேல ஒரு குறி வரைக்கும் அளக்கோணும். பொறகு ஆளு ஏறி உக்காந்ததும் அதே அளவ மறுக்கா எடுக்கோணும். உங்க ஆர்டிக்குப் பொறகால ஆட்டம் 152 மி.மீ. அதுல மூணுல ஒரு பங்குப் பக்கம், 45-ல இருந்து 50 மி.மீ.க்குள்ள அமுங்குனாச் சரி. அத அளக்கோணும்னாப் பொறகால சீட்டுல ஒரு ஆளு உக்காரோணும். அம்மிணிக்கு ஆபீசு வேலை. நானு இங்க சும்மாத்தான் இருக்கேன். ஆனா நின்ன எடத்துல அளந்தா மட்டும் பத்தாதுங்க மாப்பிள்ளை. கேபிள் டை எங்க வந்து நிக்குதுன்னு தெரியோணும்னா ரோட்டுல ஓட்டியாகோணும். மான்ட்ரியல் ரோட்டுக் குழி நாடறிஞ்சதாமா. 401-ங்கற ஹைவேயப் புடிச்சாப் போயிரலாமாமா. அங்க வரைக்கும் போயிட்டு, ஸ்கி-டூ செஞ்ச பம்பார்டியரு பேருல வால்கோர்ட்ல இருக்கற மியூசியத்தப் பாக்காம வந்தா நல்லாவா இருக்கும்? சோதனைன்னா முழுசாப் பண்ணோணுமுங்க. இப்பத்திக்கு என்ற தலைக்கு ஒரு ஹெல்மெட்டு மட்டும் வாங்கிப்போடுங்க, ஷாக்கப் போயிட்டு வந்து பேசிக்கலாம்.