செருப்புத் தேயாத படிப்பு

மாப்ள: எம்.எஸ்ஸி. எபிடெமியாலஜி மாமா. கொள்ளைநோய் எப்படிப் பரவுது, ஏன் பரவுது, எங்கிட்டு மறிச்சு நிறுத்தலாம், அம்புட்டும் இதுல வந்துரும். ரெண்டு வருசம். முழுக்க முழுக்க ஆன்லைன்.

மாமா: நல்ல படிப்பு. செருப்பு எந்த செமஸ்டர்ல தேயும்?

மாப்ள: என்னது?

மாமா: செருப்புய்யா. கால்ல போடுறது.

மாப்ள: இதுக்கும் செருப்புக்கும் என்ன மாமா சம்பந்தம்?

மாமா: 1951-ல அமெரிக்காவுல கொள்ளைநோயைத் துப்பறியறதுக்குன்னே ஒரு படையைக் கிளப்பி விட்டாரு லாங்மியூர்ங்கற டாக்டரு. அந்தப் படைக்குச் சின்னம் என்ன தெரியுமா? உலக உருண்டை மேல ஒரு ஷூவோட அடிப்பாகம். அதுல ஒரு ஓட்டை. வீடு வீடா நடந்து தேஞ்ச ஓட்டை.

மாப்ள: அட, அதுவா! மூணாவது மாட்யூல்ல வந்துச்சு மாமா. பரீட்சையில கூடக் கேட்டாய்ங்க. ‘ஓட்டை எதைக் குறிக்கிறது?’ நாலு விடை குடுத்திருந்தாய்ங்க, சரியா டிக் அடிச்சேன்.

மாமா: எந்தச் செருப்பைப் போட்டுக்கிட்டு அடிச்ச?

மாப்ள: ஏசி ரூம்ல செருப்பு எதுக்கு? வெறுங்கால்தான்.

(மாமா ஓய்வுபெற்ற சுகாதார ஆய்வாளர். காந்திகிராமத்தில் பயிற்சி எடுத்தவர். இந்த இடத்தில் தன் செருப்பைக் கழற்றித் திருப்பிக் காட்டினார். வர்ணனை வேண்டாம்.)

மாப்ள: மாமா, உலகம் மாறிப்போச்சு. லண்டன் சுகாதார, வெப்பமண்டல மருத்துவப் பள்ளியே இந்தப் படிப்பைத் தொலைதூரத்துல நடத்துது.

மாமா: அங்கயா சேந்திருக்க?

மாப்ள: அங்க இல்ல. அங்க பரீட்சை கஷ்டம்.

மாமா: சரி, நம்ம நாட்டுலயே எதுலயாச்சும் சேர வேண்டியதுதான?

மாப்ள: இங்க எங்க விடுறாய்ங்க? மருத்துவம், நர்சிங் ஆன்லைன்ல கூடாதுன்னு முன்னயே சொன்னாய்ங்க. 2025-ல சைக்காலஜி, மைக்ரோபயாலஜி, ஊட்டச்சத்துன்னு இன்னும் கொஞ்சத்தைச் சேத்து யுஜிசி கதவை மூடிருச்சு. இது என்னைக்கு மூடுமோன்னு வெளிநாட்டுல சேந்துட்டேன். பீஸ் டாலர்ல கட்டுறேன் மாமா.

மாமா: அப்ப தேயறது உங்கப்பன் செருப்பு. பாங்குக்கும் வீட்டுக்கும் நடந்து.

மாப்ள: கிண்டல் பண்ணுங்க. என் ஆராய்ச்சித் தலைப்பைக் கேட்டா அசந்துருவீங்க. பிரேமிங்ஹாம் இதய ஆய்வு. 1948-ல ஆரம்பிச்சது. மாசசூசெட்ஸ்ல ஒரே ஊர்ல 5,209 பேரை வருசக்கணக்காப் பின்தொடர்ந்து, ரத்த அழுத்தம், கொழுப்பு, சிகரெட்டு எல்லாம் இதயத்தை என்ன பண்ணுதுன்னு பாத்தாய்ங்க. அந்த டேட்டாவை நான் திரும்ப அலசுறேன்.

மாமா: பெரிய வேலைதான். அந்த 5,209 பேருக்கும் பிரஷர் எம்புட்டுன்னு உனக்குத் தெரியும்.

மாப்ள: விரல் நுனியில இருக்கு.

மாமா: நம்ம திண்டுக்கல்லுல தோல் பதனிடுற ஷாப்புக்குப் பக்கத்துக் கிணத்துல தண்ணி குடிச்சவனுக்கு?

மாப்ள: அதுக்கு டேட்டாசெட் இல்லையே மாமா.

மாமா: எப்படி இருக்கும்? டேட்டாசெட்டு என்ன மழைக்கு முளைக்கிற காளானா? கிணறு இருக்கு, குடிச்சவன் இருக்கான், அவன் மகன் இருக்கான். 1996-ல சுப்ரீம் கோர்ட்டு தோல் ஷாப்பு வழக்குல திண்டுக்கல் அண்ணா மாவட்டம்னு பேரைச் சொல்லி, ஷாப்புக்குப் பத்தாயிரம் ரூவா அபராதம் போட்டுச்சு. தண்ணியில உப்பு எம்புட்டுன்னு அளந்து எழுதுனவங்களும் உண்டு. குடிச்சவன் பின்னாலயே பிரேமிங்ஹாம் மாதிரி வருசக்கணக்கா நடந்தவன் யாருய்யா? ஊரு பூரா தோலு. அதுல ஒரு சோடி செருப்புத் தச்சுப் போட்டுக்கிட்டு நடந்திருந்தா இன்னைக்கு உலகமே நம்ம டேட்டாவைக் கேட்டு வந்திருக்கும்.

மாப்ள: அதெல்லாம் வசதி உள்ள நாட்டுக்காரன் செய்யற வேலை மாமா. நம்ம ஊருல என்னைக்கு நடந்திருக்கு?

மாமா: நடந்திருக்கு, இருநூறு வருசத்துக்கு முன்னாடியே. 1809, 10, 11 மூணு வருசமும் கோயமுத்தூர், மதுரை, திண்டுக்கல், திருநெல்வேலிச் சீமை பூராவும் காய்ச்சல். மதராஸ் சர்க்காரு டாக்டர்மாரை வச்சு ஒரு கமிட்டி போட்டுச்சு. ஐன்ஸ்லின்னு ஒருத்தர் தலைவரு. அவுக அறிக்கை 1816-ல லண்டன்ல புத்தகமா வந்துச்சு. தலைப்புலயே திண்டுக்கல்லு இருக்கு.

மாப்ள: கொசுன்னு கண்டுபிடிச்சாய்ங்களா?

மாமா: அது எப்படி முடியும்? மலேரியாவைக் கொசு சுமக்குதுங்கறதை ரொனால்டு ராஸ் செகந்திராபாத்துல 1897-லதான் பாத்தாரு. இவுக காலத்துல கெட்ட காத்துதான் காய்ச்சலுக்குக் காரணம்னு நம்புனாக. ஆனா மருத்துவ அறிக்கைன்னு மட்டும் எழுதல. நிலம் எப்படி, வெள்ளாமை எப்படின்னு அதையும் சேத்தே எழுதுனாக. குதிரையோ பல்லக்கோ, ஊருக்குள்ள வந்து பாத்தாக.

மாப்ள: பாவம், சேட்டிலைட் இல்லாத காலம்.

மாமா: ஆமா. வேற வழியில்லாம வெயில்ல வந்துட்டாக.

மாப்ள: களப்பயிற்சி எங்களுக்கும் உண்டு மாமா. கொள்ளைநோய் விசாரணைன்னு தனி மாட்யூலே இருக்கு. நியூயார்க் மாகாணம், ஆஸ்வீகோ. 1940-ல ஒரு சர்ச் விருந்து. 75 பேரை விசாரிச்சாய்ங்க, அதுல 46 பேருக்கு வாந்தி பேதி. பன்றி இறைச்சியா, கீரையா, கேக்கா? யாரு எதைத் தின்னாங்கன்னு பட்டியல் போட்டுப் பாத்தா, வெனிலா ஐஸ்கிரீம்! நான் இருபதே நிமிசத்துல கண்டுபிடிச்சேன்.

மாமா: எப்பக் கண்டுபிடிச்ச?

மாப்ள: மாசி மாசம் இருக்கும்.

மாமா: மாசி மாசம் எங்க வச்சுக் கண்டுபிடிச்ச, அதைச் சொல்லு.

மாப்ள: ...ஆஸ்பத்திரியில.

மாமா: ஏன் ஆஸ்பத்திரியில?

மாப்ள: ட்ரிப்ஸ் ஏறிக்கிட்டு இருந்துச்சு மாமா. குலசாமி கோயில் காதுகுத்துல தின்னது ஒத்துக்கலைல்ல.

மாமா: உனக்கு மட்டுமா ஒத்துக்கல? பக்கத்துக் கட்டில்ல உங்க பெரியப்பா, அடுத்ததுல அத்தை, வராந்தாவுல பந்தி பரிமாறுன அம்புட்டுப் பேரும். நட்ட நடுவுல நீயி. ஒரு கையில ஊசி, ஒரு கையில போனு. எண்பது வருசத்துக்கு முந்தி அமெரிக்காக்காரன் எந்த ஐஸ்கிரீமைத் தின்னான்னு ஆராய்ச்சி!

மாப்ள: லைவ் கிளாஸ் மாமா. அட்டெண்டன்ஸ் போயிரும். நூத்துக்கு நூறு வாங்குனேன்.

மாமா: பக்கத்துக் கட்டில்ல திரும்பி, ‘பெரியப்பா, நீங்க என்ன தின்னீக’ன்னு கேட்டிருந்தா?

மாப்ள: அப்படியெல்லாம் சட்டுனு கேட்டுறக்கூடாது. ஒப்புதல் படிவத்துல கையெழுத்து வாங்கணும். பெரியப்பா அப்பக் கையெழுத்துப் போடற நிலைமையில இல்ல.

மாமா: செருப்புப் போட்டுக்கிட்டு நான்தான்யா நடந்தேன். ஊரே கறியைச் சொல்லுச்சு. சமையக்காரனை அடிக்கவே போயிட்டாய்ங்க. வீடு வீடாப் போயிக் கேட்டா, விரதம்னு கறியைத் தொடாத பொம்பளைகளுக்கும் பேதி. கறியை வளைச்சுக் கட்டிட்டு வெரசா பஸ் ஏறுனவனுக்கு ஒண்ணுமில்ல. வெயிலுக்கு மோர்ப் பானை வச்சிருந்தாகள்ல? அதுல மீன் கடையில இருந்து ஐஸ்கட்டி வாங்கிப் போட்டிருக்காய்ங்க. இந்தா நோட்டு, எல்லாம் எழுதி வச்சிருக்கேன்.

மாப்ள: குடுங்க மாமா. மோர் குடிச்சவுக இம்புட்டு, அதுல படுத்தவுக இம்புட்டு. குடிக்காதவுக, படுத்தவுக... கறிக்கும் அதே மாதிரி ரெண்டுக்கு ரெண்டு கட்டம். இருங்க. பாத்தீங்களா? மோருக்கு அபாய விகிதம் எகிறுது. கறிக்கு ஒண்ணுக்குப் பக்கத்துலயே நிக்குது, அதாவது சம்பந்தமே இல்ல. சமையக்காரரு நிரபராதி!

மாமா: அட! எனக்கு மனசுல பட்டுச்சு, நீ கணக்குல காட்டிட்ட. இதை அன்னைக்கே காட்டியிருந்தா அந்த மனுசன் சம்பளத்தைப் பிடிச்சிருக்க மாட்டாய்ங்க. படிப்புத் தப்புன்னு நான் எங்கய்யா சொன்னேன்? சென்னை அயப்பாக்கத்துல தேசிய நோய்ப்பரவியல் நிறுவனம் இருக்கு. 2001-ல இருந்து அங்க கள நோய்ப்பரவியல் பயிற்சி நடக்குது. ரெண்டு வருசத்துல பெரும்பகுதி வகுப்புக்கு வெளியதான், களத்துல.

மாப்ள: அவுகளே இணையத்துலயும் பாடம் நடத்துறாக மாமா.

மாமா: நடத்தட்டும், நல்லது. கட்டம் போடத் திரையில கத்துக்க. கட்டத்துக்குள்ள போடுற நம்பரு எங்க இருந்து வரும்?

மாப்ள: அதுக்குத்தான் உங்ககிட்ட வந்தேன். ஒரு சின்னக் கையெழுத்து. ‘இந்த மாணவர் திண்டுக்கல் நகரில் 100 வீடுகளுக்கு நேரில் சென்று காய்ச்சல் கணக்கெடுப்பு நடத்தினார். உடனிருந்து மேற்பார்வையிட்டேன்.’ கீழ உங்க பேரு, பழைய பதவி.

மாமா: போனியா?

மாப்ள: கூகுள்ல தெருவைப் பாத்தேன்.

மாமா: நூறு வீடு! நூறு வீட்டுல எத்தனை பாத்திரத்துல கொசுப்புழு இருக்குன்னு ஒரு கணக்கு உண்டே, உன் பாடத்துல அதுக்கு என்ன பேரு?

மாப்ள: பிரட்டோ இண்டெக்ஸ். நாலாவது மாட்யூல்.

மாமா: அந்த நாலாவது மாட்யூலு காலையில உங்க வீட்டு வாசல்ல வந்து நின்னுச்சே, வீட்டு வீட்டுக்குக் கொசுப்புழு தேடுற டிபிசி ஒர்க்கருன்னு ஒரு புள்ள, கையில டார்ச்சு, பையில அபேட் மருந்து. ‘தொட்டியைப் பாக்கணும்ணே’ன்னுச்சு. நீ என்ன சொன்ன?

மாப்ள: கிளாஸ் நடக்குது, அப்புறமா வாங்கன்னு...

மாமா: என்ன கிளாஸு?

மாப்ள: கொசுவழிப் பரவும் நோய்கள்.

மாமா: தினக்கூலிய்யா அந்தப் புள்ள! நாயி குரைக்குது, சனம் கதவைச் சாத்துது, கால் கடுக்க வீடு வீடா ஏறி இறங்குது. அது எண்ணுன புழுதான் உன் இண்டெக்ஸு. அந்த நம்பர் மேல ஏறி உக்காந்துக்கிட்டு ஒருத்தன் ஸ்லைடு போடுறான், ஒருத்தன் டிவியில நிபுணர்ங்கறான், ஒருத்தன் விமானம் ஏறி மாநாட்டுக்குப் போறான். அதுக்குச் செருப்பு வாங்கக் காசு குடுக்கத்தான் ஆளில்ல.

மாப்ள: மாமா, கோவப்படாதீங்க...

மாமா: கோவம் இப்ப வந்ததில்ல. நான் வேலையில இருக்கும்போது காய்ச்சல் கூடுதுன்னு எழுதுனா போன் வரும். ‘என்னய்யா, உன் ஏரியாவுல மட்டும்?’ பாக்கறவன் ஏரியாவுலதான்யா நோய் இருக்கும். பாக்காதவன் ஏரியா எப்பவும் சுத்தம்! அவனுக்குப் பாராட்டு, எனக்கு விளக்கக் கடிதம். ஒரு புள்ள செத்துச்சு. டெங்குன்னு எழுதாத, மர்மக் காய்ச்சல்னு எழுதுன்னாய்ங்க. வாசல்ல தேங்காச் செரட்டை, பழைய டயரு, ஆட்டுக்கல்லு, அம்புட்டுலயும் புழு நெளியுது. இதுல என்னய்யா மர்மம்? கொசு முகமூடி போட்டுக்கிட்டா வந்துச்சு? கொசுதான்னு தெரியாத காலத்துல காரணத்தைத் தேடி ஊரு ஊரா வந்தாக. கையில உக்காந்து கொசு கடிக்கற காலத்துல மர்மங்கறாய்ங்க! நாட்டுலயே மொதல்ல, 1939-லயே பொதுச் சுகாதாரச் சட்டம் போட்ட மாகாணம்யா இது. பெரிய மனுசன் வர்ற அன்னைக்குத் தெருவோரம் பிளீச்சிங் பவுடரைக் கோலம் மாதிரி போடுறதுக்கா போட்டாக அந்தச் சட்டத்தை?

(மோர் வந்தது. ஐஸ் இல்லாத மோர். மாமா குடித்தார்.)

மாப்ள: நீங்க சொல்றதெல்லாம் சரி மாமா. எல்லாத்தையும் முடிவுரையில சேத்துக்கறேன். கையெழுத்து...

மாமா: போடறேன். நாளைக்குக் காலையில ஆறு மணிக்கு வா. நாகல் நகர்ல இருந்து ஆரம்பிப்போம். நூறு வீடு ஏறி இறங்குவோம். சாயங்காலம் உன் செருப்பைப் பாத்துட்டுப் போடறேன்.

மாப்ள: அதுல ஒரு சிக்கல். தேதி போன மாசத் தேதியா இருக்கணும்.

மாமா: ஏன்?

மாப்ள: ரிப்போர்ட்டை நேத்தே அப்லோடு பண்ணிட்டேன்.

மாமா: போகாத நூறு வீட்டுல எத்தனை பேருக்குக் காய்ச்சல்னு எழுதுன?

மாப்ள: வம்பு எதுக்குன்னு, ஒருத்தருக்கும் இல்லைன்னு போட்டுட்டேன்.

மாமா: அட! படிப்பு முடியறதுக்குள்ள உனக்கு வேலை வந்துரும்யா.