ஹிமாலயன் வாங்கலாமா?

கேள்வி: ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 450 வாங்க ஆசை. தினமும் தாம்பரத்திலிருந்து கிண்டிக்கு ஆபீஸ் போகிறேன். என்றைக்காவது லடாக் போகும் கனவும் உண்டு. வாங்கலாமா சார்?
– ஒரு வாசகர், தாம்பரம்

பதில்: கனவு கல்யாணத்துக்கு முந்தையதா, பிந்தையதா என்று சொல்லவில்லையே! பிந்தையது என்றால், பில்லியன் சீட்டில் உட்காரப் போகிறவரிடம் முதலில் கேளுங்கள். புடவையோடு அந்த உயரத்துக்கு ஏறுவதே தனி மலையேற்றம்.

அடுத்து, ஷோரூமுக்குப் போய் வண்டிமேல் உட்காருங்கள். சீட் உயரம் 825 மில்லிமீட்டர். நுனிக்கால்தான் தரையில் படுகிறது என்றால் சிக்னலுக்குச் சிக்னல் பரதநாட்டியம்தான். எடை 196 கிலோ. குரோம்பேட்டையில் சாய்ந்தால் தூக்கிவிட நாலு பேர் ஓடி வருவார்கள். லடாக்கின் கார்துங் லா கணவாயில் யாரைக் கூப்பிடுவீர்கள்?

40 குதிரைசக்தியாம். ஜிஎஸ்டி ரோட்டில் காலை ஒன்பது மணிக்கு எல்லாக் குதிரையும் லாயத்தில்தான். ஒன்று ஒப்புக்கொள்கிறேன்: 21 அங்குல முன் சக்கரமும் 230 மில்லிமீட்டர் கிரவுண்ட் கிளியரன்ஸும் நம் ஊர் மழைக்காலப் பள்ளங்களுக்கென்றே அளவெடுத்தவை. அந்த வகையில் ஆபீஸ் போவதும் அட்வெஞ்சர்தான்.

லடாக்குக்கு மட்டும் என்றால் லே நகரிலேயே வண்டி வாடகைக்குக் கிடைக்கிறது. அதற்கும் முன்னால், இப்போதிருக்கும் வண்டியிலேயே கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி இறங்கிப் பாருங்கள். மறுநாள் இடுப்பு வலியோடு 'அடுத்து எங்கே?' என்று கேட்டீர்களானால், தயங்காமல் புக் செய்யுங்கள்.