ஆத்தைப் பார்த்த வூடு

பேராண்டி, நீ போன்ல அனுப்பின பளபளா நோட்டீசை உங்க பாட்டி கண்ணாடி போட்டுக்கினு எழுத்துக் கூட்டிப் படிச்சிட்டா. பத்தொம்பதாவது மாடி, மூணு படுக்கை ரூம்பு, ஆத்தைப் பார்த்த பால்கனி, கீழே பூங்கா, பூங்காவுக்குள்ள சைக்கிள் பாதை. ரொம்ப சந்தோஷம்டா கண்ணு. நம்ம வம்சத்துல அம்மாம் உசரத்துல குடியேறப் போற மொத ஆளு நீதான். உங்க கொள்ளுத்தாத்தன் ஏறின அதிகபட்ச உசரம் பனைமரம். அவரும் பொழுது சாயறதுக்குள்ள எறங்கிடுவாரு. அதுக்கு இ.எம்.ஐ.யும் கெடையாது.

வாங்கு, தாராளமா வாங்கு. நான் குறுக்கே நிக்க மாட்டேன். ஆனா அட்வான்சு கொடுக்கறதுக்கு முன்னால கெழவன் சொல்றதைக் கொஞ்சம் காதுல போட்டுக்கோ. இந்த விஷயத்துல பேச எனக்கு ஒரு பாத்தியதை இருக்குது. நீ பார்க்கப் போற ஆறு எங்க பக்கத்துலேருந்துதான் கெளம்பி வருது. ஆதனூர், மணிமங்கலம் சுத்துவட்டார ஏரிங்க நெரம்பி, கலங்கல் வழியா கழிஞ்சு போற தண்ணிதான் அடையாறு. அது 42 கிலோமீட்டர் நடந்து பட்டினப்பாக்கத்தாண்ட கடல்ல விழுது. அதனால பால்கனியில நின்னுக்கினு நீ ‘ஆஹா’ன்னு ரசிக்கப் போறது எங்களுக்கு மிஞ்சின தண்ணி. அனுப்பறவன் நாங்க, வாங்கறவன் நீ. என்ன அனுப்புவோம், எப்ப அனுப்புவோம்னு எங்ககிட்ட ஒரு வார்த்தை கேக்க வேணாமா?

நோட்டீசுல ஆறு நீலமா இருக்குது. என் ஆயுசுல அடையாத்தை அந்தக் கலர்ல நான் பார்த்ததில்ல. மழை நாள்ல செம்மண் கலரு. பங்குனி, சித்திரையில ஒரு கலரு வரும், அதுக்கு இன்னும் எவனும் பேரு வைக்கலை. படத்துல கரையோரமா ஒரு வெள்ளைக்காரப் பொண்ணு நாயைப் புடிச்சுக்கினு ஓடுது. ஆகாயத்தாமரை ஒரு இலை கூடக் காணோம். எருமை இல்ல, கொசு இல்ல. சைதாப்பேட்டை பாலத்து மேல பஸ்ஸு ஏறினதும் ஜன்னலோரம் இருக்கறவங்க எல்லாம் முந்தானையையும் கர்ச்சீப்பையும் தேடுவாங்களே, அந்த வாடையை அச்சடிக்க மிஷின் இன்னும் வரலை போலக்கீது. சாயங்காலம் கடல் காத்து கெளம்பினா ஆத்து மேலயே தவழ்ந்து வரும்டா. பத்தொம்பது மாடி அதுக்கு ஒரு தூரமே இல்ல.

வெயில் காலத்துல நாங்க ஒரு சொட்டும் அனுப்பறதில்ல. எங்க கெணத்துலயே இல்ல. அப்பவும் ஆத்துல ஏதோ கறுப்பா நிக்குதே, அது எங்கேருந்து வந்துச்சுன்னு யோசிச்சியா? பட்டணத்துச் சாக்கடை. மழைத்தண்ணி போறதுக்குன்னு வெட்டின கால்வாயில திருட்டுத்தனமா குழாய் சொருகி விடறது. கடல்லேருந்து உப்புத்தண்ணி ஏறி வந்து கழுவி விடலாம்னு பார்த்தா, முகத்துவாரத்துல மணல் மேடு போட்டு வாயை அடைச்சிக்கும். அப்புறம் மிஷின் வெச்சு மணலை வாரணும். ஆகமொத்தம், பால்கனிக்காரங்க கழிச்சதை பால்கனிக்காரங்களே உக்காந்து பார்க்கணும். அதுல ஒரு நாயம் இருக்கத்தான் செய்யுது.

ஆத்தங்கரைன்னு பேச்செடுத்தாலே இப்ப எல்லாரும் அகமதாபாத்தைக் காட்டறாங்க. காட்டட்டும், அங்க வேலை சுத்தமாத்தான் நடந்திருக்குது. 2005ல தொடங்கி 2012ல நடைபாதையைத் திறந்தாங்க. ரெண்டு கரையிலயும் பத்துப் பதினோரு கிலோமீட்டர் நீளம். அகலமும் குறுகலுமா தன் இஷ்டத்துக்குக் கெடந்த சபர்மதியை, தையக்காரன் சட்டையைப் புடிச்சுத் தைக்கிற மாதிரி ஒரே சீரா 263 மீட்டருக்குப் புடிச்சுட்டாங்க. அப்படிப் புடிச்சதுல மிஞ்சின நெலம் 200 ஹெக்டேர். அதுல பூங்கா, ரோடு எல்லாம் போக ஒரு பங்கை வித்து செலவைச் சரிக்கட்டறதுன்னு கணக்கு. கெட்டிக்காரங்க, ஆத்தை வெச்சே ஆத்துக்கு செலவு. ஆனா ஒண்ணு. அந்த ஆறும் நம்ம ஆறு மாதிரி மழைக்கு ஓடி வெயிலுக்குக் காயற ஆறுதான். இப்ப வருஷம் பூரா தளும்பி நிக்குதே எப்படின்னு கேட்டா, நர்மதைக் கால்வாயிலேருந்து தண்ணி விட்டு, கீழே வாஸ்ணாவுல அணை போட்டு நிறுத்தி வெச்சிருக்காங்க. சரி, அவங்களுக்கு நர்மதை. நமக்கு? 2019ல ஜோலார்பேட்டையிலேருந்து ரயில்ல குடிதண்ணி ஏத்தி வந்த ஊருடா உன் ஊரு. இருநூறு கிலோமீட்டருக்கு மேல தொலைவு. குடிக்கறதுக்கே ரயில் விட்டவன், உன் பால்கனி அழகுக்கு எந்த ரயிலை விடுவான்?

இப்ப வெயில் கதையை வுடு, மழைக்கு வா. அதுலதான் எனக்கு ருசி ஜாஸ்தி.

2015 டிசம்பர் 1ஆம் தேதி. நீ அப்ப ஹாஸ்டல்ல இருந்தே. செம்பரம்பாக்கம் ஏரியிலேருந்து விநாடிக்கு 29,000 கன அடி தொறந்து விட்டாங்க. ரேடியோவுல சொன்னப்ப எல்லாரும் ‘அப்படியா’ன்னு கேட்டுக்கினாங்க, கன அடின்னா யாருக்குப் புரியுது? நான் சொல்றேன் கேளு. ஒரு கன அடி 28 லிட்டருக்குக் கொஞ்சம் மேல. அப்போ விநாடிக்கு எட்டு லட்சம் லிட்டரைத் தாண்டுது. உங்க தெருவுக்கு வர்ற பெரிய தண்ணி லாரி 12,000 லிட்டர் புடிக்கும். நீ ஒரு தடவை கண்ணைச் சிமிட்டித் தொறக்கறதுக்குள்ள அறுபத்தெட்டு லாரி. அடுத்த சிமிட்டலுக்கு இன்னொரு அறுபத்தெட்டு. ராத்திரி பூரா. அதுவும் ஒரே ஒரு ஏரியோட கணக்குதான். திருநீர்மலையாண்ட அது வந்து சேர்றதுக்கு முன்னாலயே எங்க பக்கத்து ஏரிங்க எல்லாம் ஆத்துல கொட்டிக்கினுதான் இருந்துச்சு. அப்புறம் 2018ல சட்டசபையில வெச்ச தணிக்கை அறிக்கை இதை மனுசன் உண்டாக்கின பேரழிவுன்னே சொல்லிடுச்சு. சொன்னதோட சரி.

ஏரோபிளேன் எறங்கற ரோட்டையே அந்த ஆத்து மேல பாலம் கட்டி நீட்டியிருக்காங்க, தெரியுமில்ல? அந்த வெள்ள வாரம் விமான நெலையத்துக்குள்ள ஆறு புகுந்து, பிளேனெல்லாம் முழங்கால் தண்ணியில எருமை கணக்கா நின்னுச்சு. நாள் கணக்குல மூடிட்டாங்க. கடல் பக்கம் போனா முகத்துவாரத்துல முறிஞ்ச பாலம் ஒண்ணு நிக்குதே, அதுலகூட சினிமாக்காரங்க டூயட் எடுப்பாங்க. மீன்காரங்க நடந்து போகறதுக்குன்னு 1967ல கட்டினது, 1977ல தண்ணி இழுத்துக்கினு போயிடுச்சு. ஆத்துக்கு ஞாபக சக்தி அதிகம்டா. எந்த எடம் தன்னோடதுன்னு அது பட்டா வாங்கி வெச்சுக்கலை, ஆனா மறக்கறதில்ல.

“பத்தொம்பதாவது மாடிக்கு வெள்ளம் எப்படி வரும் தாத்தா”ன்னு சிரிப்பே. வராது, சத்தியமா வராது. ஆனா லிப்டு கெளம்பறது கீழேருந்து. தண்ணி ஏத்தற மோட்டார் கீழே. கரண்டுப் பெட்டி கீழே, ஜெனரேட்டர் கீழே, கடன் போட்டு வாங்கின காரு அதுக்கும் கீழே. பால்காரன் கீழே. நீ மட்டும் மேல. நாலு நாள் கழிச்சு ஒரு குடம் தண்ணியைத் தூக்கிக்கினு பத்தொம்பது மாடி ஏறுவ பாரு, அப்ப உங்க கொள்ளுத்தாத்தன் நெனப்பு வரும்.

எங்க பக்கம் மட்டும் யோக்கியம்னு நான் சொல்ல வரலை. முந்தி மழை பெஞ்சா வயல்ல நின்னு, தாங்கல்ல நின்னு, ஏரியில நின்னு, மெதுவா நாலு நாள் கழிச்சுத்தான் ஆத்துக்கு எறங்கும். இப்ப முடிச்சூர், வரதராஜபுரம் பக்கமெல்லாம் வயலுக்கு நம்பர் கல்லு நட்டு, சிமெண்டு ரோடு போட்டு, காம்பவுண்டு எடுத்தாச்சு. பெய்யற மழை நிக்க எடமில்லாம அன்னிக்கே ஓடி வருது. மேல இருக்கறவன் தண்ணியைத் துரத்தி விடறான், கீழ இருக்கறவன் கரையை நெருக்கி சுவரு எழுப்பறான். உன் பில்டர் தன் கரையை உசத்தினா தண்ணி என்ன மாயமாவா போயிடும்? எதிர்க்கரைக்காரன் வூட்டுக்குள்ள போவும். இல்லன்னா தேங்கி, திரும்பி, எங்க பக்கமே ஏறும். உன் பூங்காவைக் காப்பாத்த முடிச்சூர்க்காரன் மாடியில உக்காரணும்.

நான் பூங்காவுக்கு எதிரி இல்லடா. பூங்காதான் வேணும்னு சொல்றேன். ஆத்தோரத்துல வைக்கத் தகுந்தது அது ஒண்ணுதான். புல்லு ரெண்டு நாள் மூழ்கினா அழுவாது. பெஞ்சு நனைஞ்சா நஷ்டஈடு கேக்காது. வெள்ளம் வந்தா விட்டுக் கொடுத்துட்டு, வடிஞ்சா மறுபடி எழுந்து நிக்கும். கரையிலேருந்து நல்லா தள்ளி வரைக்கும் பூங்காவா விட்டு, கட்டடத்தையெல்லாம் மேட்டுக்குத் தூக்கிட்டா நானே வந்து மரம் நட்டுத் தரேன். ஆனா நடக்கறது வேற. மொதல்ல பூங்கான்னு படம் காட்டுவாங்க. பூங்காவால அக்கம்பக்கத்து நெலம் வெலை ஏறும். வெலை ஏறினதும் பூங்காவை ஒட்டி ஒரு டவரு. டவருக்கு ஒரு ரோடு. ரோட்டுக்கு ஒரு தடுப்புச் சுவரு. கடைசியில பூங்கா ஒரு ஓரமா, ஆறு அதுக்கும் ஓரமா. அடையாத்து முகத்துவாரத்தாண்ட 2011ல தொறந்த தொல்காப்பியப் பூங்கா 58 ஏக்கர். அங்க இருக்கற ஓடையை மீட்டு அலையாத்தி மரமெல்லாம் நட்டது நல்ல வேலை, நான் குறை சொல்லலை. ஆனா ரொம்ப வருஷம் முன்கூட்டியே பேரு பதிஞ்சுக்கினவங்கதான் உள்ள போக முடிஞ்சுது. அதனால கேக்கறேன், உன் நோட்டீசுல ‘பொதுப் பூங்கா’ன்னு போட்டிருக்கானே, அந்தக் கேட்டு சாவி யாராண்ட இருக்கும்? எதிர்த்த சந்துல கொய்யாப்பழம் விக்கிறவ மவன் உள்ள வந்து பந்து ஆடலாமா? வாட்ச்மேன் ‘எந்த பிளாக்கு’ன்னு கேக்க மாட்டானா?

அந்தக் கரையில ஏற்கெனவே இருந்தவங்களையும் ஒரு தரம் நெனச்சுக்கோ. பூ கட்டறவங்க, உங்க ஆபீசு கக்கூசு கழுவறவங்க, ஆட்டோ ஓட்டறவங்க. 2015 வெள்ளத்துக்கு அப்புறம் ‘இது ஆத்துப் புறம்போக்கு, உசுருக்கு ஆபத்து’ன்னு சொல்லி குடும்பம் குடும்பமா வண்டியில ஏத்தி பெரும்பாக்கத்துல எறக்கினாங்க. அங்க அவங்களுக்கும் டவருதான் கெடைச்சுது, எட்டு மாடி. பள்ளிக்கரணை சதுப்பு நெலத்தை ஒட்டின எடம், அதனால அங்கயும் மழைக்குத் தண்ணி நிக்கும். வெள்ளத்துலேருந்து காப்பாத்தி வெள்ளத்துல வெச்சாங்க. வேலைக்கு வர ரெண்டு பஸ்ஸு மாறணும், பள்ளிக்கூடத்துப் புள்ளைங்க பாதியில நின்னுச்சுங்க. சரி, ஆபத்தான எடம்னா ஆபத்தான எடம்தான். ஆனா அதே கரையில குடிசை போட்டா உசுருக்கு ஆபத்து, பத்தொம்பது மாடி போட்டா உசத்தி வாழ்க்கையா? எந்த வாத்தியாரு இந்தக் கணக்கைச் சொல்லிக் கொடுத்தாரு?

கரையை அழகாக்கற இதே ஆசையை கூவம் ஆத்துக்கும் பட்டுப் பார்த்தாங்க. 1967ல அண்ணா காலத்துலயே சீராக்கற திட்டம் கெளம்பி, படகுத்துறையெல்லாம் கட்டினாங்க. படகு போச்சு, துறை மட்டும் நிக்குது. அதுக்கப்புறம் எத்தனை திட்டம், எத்தனை கோடி. ஆத்துல போட்டாலும் அளந்து போடுன்னு பெரியவங்க சொன்னது இவங்களுக்காகத்தான் இருக்கணும்.

போகட்டும், நீ வாங்கறதுன்னு முடிவு பண்ணிட்டா அந்த ஏஜென்டு பையனாண்ட நீச்சல் குளம் எத்தனை அடின்னு கேட்டுக்கினு இருக்காதே. அ-பதிவேட்டுல அந்த சர்வே நம்பர் என்னன்னு போட்டிருக்குதுன்னு கேளு. நஞ்சையா, தாங்கலா, ஆத்துப் புறம்போக்கா? புலப்படத்தை எடுத்து வெச்சுக்கினு, ஆத்து எல்லைக்கல்லு எங்கன்னு காட்டச் சொல்லு. 2015ல இந்த மனையில எத்தனை அடி தண்ணி நின்னுச்சுன்னு கேளு. அவன் “சார், அது நூறு வருஷத்துக்கு ஒரு தடவை வர்ற வெள்ளம்”னு சொல்வான். நூறு வருஷம் எப்பலேருந்து எண்ணறதுன்னு ஆத்தாண்ட சொல்லிட்டானான்னு கேளு. ஜெனரேட்டரை எந்தத் தளத்துல வைக்கிறான்னு கேளு. அவன் பதில் சொல்லாம காபி வரவழைச்சான்னா காபியைக் குடிச்சுட்டு எழுந்து வந்துடு.

இன்னொண்ணு. சித்திரையில போயி மனை பார்க்காதே. அப்ப எல்லா மனையும் காஞ்சுதான் இருக்கும். ஐப்பசி கடைசியில, வானிலைக்காரன் சிவப்பு எச்சரிக்கை கொடுத்த நாளா பார்த்து ஏஜென்டுக்குப் போன் போட்டு, “தம்பி, இன்னிக்கு மனையில நின்னு பேசலாம், அட்வான்சு கையில வெச்சிருக்கேன்”னு சொல்லு. அவன் வந்தா வாங்கு.